எல்லாம் கிளியர், சார்!

ஆவடியில் வீடு வாங்க நல்ல வக்கீலைத் தேடுகிறவர்களுக்கு ஒரு நற்செய்தி. தேடவே வேண்டாம். வீட்டைக் காட்டிய புரோக்கரே வக்கீலையும் கையோடு கூட்டி வந்துவிடுவார். "நம்ம வக்கீல் சார்தான். இந்த லேஅவுட்ல அத்தனை மனைக்கும் அவர்தான் லீகல் பார்த்தார். எல்லாம் கிளியர்" என்பார். லேஅவுட் போட்டவருக்கும் அந்த சார்தான் வக்கீல். விற்பவருக்கும் அவரே. இப்போது உங்களுக்கும் அவரே. விவாகரத்து வழக்கில் கணவன், மனைவி இருவருக்கும் ஒரே வக்கீல் ஆஜரானால் ஊரே சிரிக்கும். 50 லட்ச ரூபாய் கைமாறுகிற இடத்தில் இரண்டு தரப்புக்கும் ஒரே வக்கீல் என்றால் மட்டும் 'அலைச்சல் மிச்சம்' என்று சந்தோஷப்படுகிறோம்.

வக்கீல்கள் விளம்பரம் செய்யக் கூடாது என்கிறது பார் கவுன்சில் விதி 36. துண்டுப் பிரசுரம் கூடாது, ஆள் வைத்து வேலை பிடிக்கக் கூடாது, தரகர் கூடவே கூடாது. 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம், இணையத்தில் வக்கீல்களைக் கடை பரப்பிய நிறுவனங்கள்மீது நடவடிக்கை எடுக்கச் சொன்னது. நல்ல தீர்ப்புதான். ஆனால் ஆவடி ஸ்டேஷனிலிருந்து உங்களை பைக்கில் ஏற்றிக்கொண்டு மனை காட்டப் போகும் அண்ணன் எந்த இணையத்தில் இருக்கிறார்? வழக்கறிஞர் சட்டத்தில் 2023இல் ஒரு திருத்தம் வந்தது. அதன்படி நீதிபதிகள் தரகர்களின் பெயர்ப் பட்டியலை வெளியிடலாம். பட்டியலில் பெயர் ஏறிய பிறகும் ஒருவர் அதே தொழிலைச் செய்தால் மூன்று மாதம் வரை சிறை, அல்லது 500 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஐந்நூறு ரூபாய்! மனை பார்க்கப் போகும் வழியில் அண்ணன் நமக்கு வாங்கிக் கொடுக்கும் பிரியாணியும் கூல்டிரிங்ஸும் அதைவிட அதிகம்.

வாங்குகிறவர் யார் என்று பாருங்கள். டேங்க் ஃபேக்டரியில் முப்பது வருஷம் வேலை பார்த்து, பி.எஃப்., கிராஜுவிட்டி எல்லாவற்றையும் ஒரே காசோலையாகக் கையில் வைத்திருப்பவர். குவார்ட்டர்ஸைக் காலி செய்யச் சொல்லிக் கடிதம் வந்துவிட்டது. அல்லது, பட்டாபிராமில் 2024 நவம்பரில் திறந்த 21 மாடி டைடல் பார்க்கைக் காட்டி, "இன்னும் ரெண்டு வருஷத்துல இந்த ரேட்டுக்குக் கனவுலகூட கிடைக்காது, மெட்ரோ வேற வருது" என்று அவசரப்படுத்தப்பட்ட இளம் தம்பதி. வாழ்நாளில் ஒரே ஒரு முறை இந்த வேலையைச் செய்யப்போகிறவர்கள் இவர்கள். எதிரே உட்கார்ந்திருப்பவர்களோ தினமும் இதே வேலையைச் செய்கிறவர்கள்.

சரி, 50 லட்சத்துக்குக் கணக்குப் போடுவோம். முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். மொத்தம் நாலரை லட்சம் அரசுக்கு. இதில் பேரம் இல்லை. புரோக்கருக்கு 2 சதவீதம் என்றால் ஒரு லட்சம். முணுமுணுத்துக்கொண்டே கொடுத்துவிடுகிறோம். வாஸ்து பார்ப்பவருக்கு வெற்றிலை பாக்கு, பழத்தட்டோடு, கேட்டதற்கு மேலேயே போட்டுக் கொடுக்கிறோம். கடைசியாக, தனியாக ஒரு வக்கீலிடம் போய் மூலப் பத்திரத்திலிருந்து படித்துப் பார்க்கச் சொல்லும்போதுதான் நம் சிக்கன புத்தி கண் விழிக்கிறது. "என்ன சார், நாலு பேப்பரைப் புரட்டறதுக்கு இவ்வளவா? புரோக்கர் சொன்ன வக்கீல் ஃப்ரீயா பார்த்துத் தர்றாராம்!" ஃப்ரீ என்றால் யாரோ பணம் கொடுக்கிறார்கள் என்று அர்த்தம். யார் என்று கேட்க நமக்கு நாக்கு எழுவதில்லை. சமையலறை தென்கிழக்கில் இருக்கிறதா என்று மட்டும் காம்பஸ் வைத்துப் பார்க்கிறோம். அந்தத் தென்கிழக்கு ஏரிப் புறம்போக்கில் இருக்கிறதா என்று பார்க்க யாருக்கும் பொறுமை இல்லை.

அந்த 'நாலு பேப்பரில்' என்ன இருக்கிறது? நம்மவர்கள் தெய்வமாக நம்புவது வில்லங்கச் சான்றை. "ஈ.சி. போட்டுப் பார்த்துட்டேன், நில்" என்பார்கள். ஈ.சி. சொல்வது பதிவான பத்திரங்களை மட்டும். பதிவாகாத உயில் அதில் வராது. கோர்ட்டில் நடக்கும் பாகப்பிரிவினை வழக்கு அதில் வர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. விற்பவருக்கு இரண்டு அக்காக்கள் இருப்பது அதில் வரவே வராது. உயில் எழுதாமல் இறந்த அப்பாவின் சுயசம்பாத்தியத்தில் மகளுக்கும் பங்கு உண்டு என்று 1956லேயே சட்டம் வந்துவிட்டது. பூர்வீகச் சொத்திலும் உண்டு என்று நாட்டுக்கு முன்னதாகவே 1989இல் தமிழ்நாடு சொல்லிவிட்டது. ஆனாலும் ஆவடியில் இன்றும் அண்ணன் தம்பிகள் மட்டும் கையெழுத்துப் போட்டு மனை விற்கிறார்கள். "அக்காவுக்குக் கல்யாணத்துல நகை போட்டாச்சு சார், அவங்க வர மாட்டாங்க." வருவார்கள். நீங்கள் கிரகப்பிரவேசம் முடித்து, மாடியும் எடுத்த பிறகு, சம்மன் ரூபத்தில் வருவார்கள்.

அக்காவாவது மனுஷி, பேசிப் பார்க்கலாம். அரசாங்கம் வந்தால்? 1978ஆம் ஆண்டின் நகர்ப்புற நில உச்சவரம்புச் சட்டம் சென்னையைச் சுற்றியிருந்த நிலங்களில் ஏராளமானவற்றை 'உபரி' என்று எழுதிக்கொண்டது. 1999இல் சட்டம் போய்விட்டது. அதற்குள் அரசு சுவாதீனம் எடுத்த நிலம் அரசிடமே நின்றுவிட்டது. அதைத் துண்டு போட்டு விற்றவர்கள் விற்றுக்கொண்டே இருந்தார்கள், வாங்கியவர்கள் 'அறியாமல் வாங்கியோர்' என்ற பட்டத்தோடு வரன்முறை மனுவைத் தூக்கிக்கொண்டு அலைந்தார்கள். அங்கீகாரமில்லாத மனைகளைப் பதியக் கூடாது என்று 2016 செப்டம்பரில் உயர் நீதிமன்றம் தடை போட்ட பிறகுதான், தாங்கள் வாங்கியது அப்ரூவல் இல்லாத மனை என்ற சங்கதியே பல பேருக்குத் தெரிந்தது. அதுவரை அதுவும் 'கிளியர்'தான்.

இதையெல்லாம் தோண்டிப் பார்ப்பதுதான் வக்கீலின் வேலை. கணினியில் ஏறாத பழைய வில்லங்கத்துக்குப் பதிவு அலுவலகத்தில் மனுப் போட்டு, கையால் எழுதிய பதிவேட்டில் தேட வேண்டும். பட்டாவின் சர்வே எண்ணைப் பத்திரத்தின் எண்ணோடும் புல வரைபடத்தோடும் ஒட்டிப் பார்க்க வேண்டும். வாரிசுச் சான்றையும் இறப்புச் சான்றையும் பக்கத்தில் வைத்து யார் கையெழுத்து விட்டுப்போனது என்று எண்ண வேண்டும். பவர் வைத்து விற்கிறார் என்றால், பவர் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறாரா என்றாவது விசாரிக்க வேண்டும். இத்தனையும் செய்ய நாள்கணக்கு ஆகும். புரோக்கரின் வக்கீல் இதை ஒரு டீ குடிக்கிற நேரத்தில் முடித்துவிடுகிறார். திறமைசாலி!

அடுத்த காட்சி பத்திர எழுத்தரின் கடை. சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே, ஜெராக்ஸ் மெஷின் சூட்டில், பத்துக்கு எட்டு அறை. பதினோரு மணி டோக்கனுக்குப் பத்தேகாலுக்கு வரைவைக் கையில் கொடுக்கிறார்கள். அதில் விற்பவர் உறுதி சொல்கிறார்: இந்தச் சொத்தில் யாதொரு வில்லங்கமும் இல்லை, பின்னிட்டு ஏதேனும் தெரியவந்தால் நானே முன்னின்று என் சொந்தச் செலவில் என் இதர சொத்துகளைக் கொண்டு ஈடுசெய்து தருவேன். அந்த 'இதர சொத்து' எங்கே இருக்கிறது, இருக்கிறதா, அதன் சர்வே எண் என்ன? கேட்டால் உங்களைத்தான் ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள். "அது எல்லாப் பத்திரத்துலயும் வர்ற வரி சார்." 'சர்வ சுதந்திரமாய், புத்திர பௌத்திர பாரம்பரியமாய்' ஆண்டு அனுபவிக்கச் சொல்லும் அதே பத்திரத்தில் கிழக்கும் மேற்கும் இடம் மாறியிருக்கும். அதற்குப் பிறகு பிழைதிருத்தல் பத்திரம், அதற்கும் தனியாக எழுத்துக்கூலி. நல்ல எழுத்தர்கள் இருக்கிறார்கள், சில வக்கீல்களைவிட விவரமானவர்களும் உண்டு. ஆனால் எழுத்தருக்குக் கொடுத்த உரிமம் எழுதுவதற்கு. சொன்னதை எழுதினார். சொன்னது யார்? நீங்கள்தான்.

அப்புறம் அரசாங்கம். முகூர்த்த நாள் வந்தால் பதிவுத்துறை கூடுதல் டோக்கன் அறிவிக்கிறது. மக்களுக்காக நல்ல நேரம் பார்க்கும் அரசு! விற்பவருக்கு அந்த நிலம் சொந்தமா என்று மட்டும் பார்க்காது. பதிவு விதிகளில் 55-ஏ என்று ஒன்றைச் சேர்த்து, முந்தைய அசல் பத்திரத்தைக் காட்டினால்தான் பதிவு என்று கொஞ்சம் கெடுபிடி செய்தார்கள். 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. விற்பவருக்கு உரிமை இருக்கிறதா என்று ஆராய்வது சார்பதிவாளரின் வேலையே இல்லை, பதிவுச் சட்டத்தில் அதற்கு இடமும் இல்லை என்றது. போலிப் பத்திரத்தை மாவட்டப் பதிவாளரே ரத்து செய்யலாம் என்று 2022இல் கொண்டுவந்த 77-ஏ பிரிவை 2024இல் சென்னை உயர் நீதிமன்றம் செல்லாது என்றது. அசலைக் கேட்கும் அதிகாரத்தைச் சட்டத்திருத்தமாகவே கொண்டுவர அரசு மறுபடி முனைந்தது. இருக்கட்டும். அசலைக் காட்டச் சொல்வது வேறு, உரிமைக்கு ஜவாப்தாரி ஆவது வேறு. நாலரை லட்சத்தை எண்ணி வாங்கும் அலுவலகம், தான் பதிந்தது செல்லுமா என்று கேட்டால் சிவில் கோர்ட் இருக்கும் திசையைக் காட்டுகிறது.

"விடுங்க சார், பேங்க் லோனே சாங்ஷன் ஆயிடுச்சு. பேங்க்காரன் லீகல் பார்க்காமலா கொடுப்பான்?" படித்தவர்கள் ஏமாறும் வரி இது. பேங்க்கின் பேனல் வக்கீல் பார்க்கிறார். ஃபீஸ் உங்கள் கணக்கிலிருந்து போகிறது. அவர் எழுதும் ஒப்பீனியனின் நகல் பெரும்பாலும் உங்கள் கண்ணில்கூடப் படாது. அது பேங்க்குக்காக எழுதியது. 'என் பார்வைக்கு வைக்கப்பட்ட நகல்களின் அடிப்படையில்' என்று தொடங்குகிறது, அங்கேயே முடிந்தும்விடுகிறது. பொய்யான சொத்துக்கு ஒப்பீனியன் கொடுத்தார் என்று ஹைதராபாத் வக்கீல் ஒருவர்மீது சி.பி.ஐ. போட்ட வழக்கை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது, 2012இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. சதியில் பங்கு இருந்தது என்று ஆதாரம் வேண்டும், ஒப்பீனியன் தப்பாகப் போனது மட்டும் குற்றமாகாது என்றது. சரி, குற்றம் வேண்டாம், நுகர்வோர் கோர்ட்டுக்காவது போகலாமா? 2024 மே மாதம் அந்தக் கதவும் சாத்தப்பட்டது. வக்கீலின் பணி நுகர்வோர் சட்டத்துக்குள் வராது என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. மிக்ஸியில் பிளேடு சுற்றாவிட்டால் நஷ்டஈடு கேட்கலாம். ஆயுள் சேமிப்பு அடுத்தவன் நிலத்தில் புதைந்தால் பார் கவுன்சிலுக்கு மனு எழுதலாம், அல்லது இன்னொரு வக்கீலைப் பிடித்து முதல் வக்கீல்மீது சிவில் வழக்குப் போடலாம். அந்த இரண்டாவது வக்கீலையும் புரோக்கரே ஏற்பாடு செய்து தருவார்.

இங்கிலாந்தில் வீடு வாங்குபவர் தனக்கென்று ஒரு சொலிசிட்டர் வைத்துக்கொள்கிறார். விற்பவருக்கு வேறொருவர். அந்தச் சொலிசிட்டர் தவறு செய்தால் ஈடுகட்ட, காப்பீடு எடுத்திருக்க வேண்டும் என்பது அங்கே தொழில் நடத்தவே நிபந்தனை. நிலப் பதிவேட்டில் தப்பு நேர்ந்து நஷ்டப்பட்டால் பதிவுத்துறையே நஷ்டஈடு கொடுக்கிறது. 1858லேயே தென் ஆஸ்திரேலியாவில் ராபர்ட் டோரன்ஸ், பதிவேடு சொல்வதே உரிமை, அதற்கு அரசே பொறுப்பு என்று ஒரு முறையைக் கொண்டுவந்தார். வெள்ளைக்காரன் நமக்கு விட்டுப்போனது 1908ஆம் ஆண்டின் பதிவுச் சட்டத்தை: பத்திரத்தைப் பதிவேன், உரிமையைப் பற்றிக் கேட்காதே. நாமும் கண்ணும் கருத்துமாகக் காப்பாற்றி வருகிறோம், கட்டணத்தை மட்டும் காலத்துக்கேற்ப மாற்றிக்கொண்டு.

1955இல் இதே ஆவடியில்தான் காங்கிரஸ் மாநாடு கூடி, சோஷலிச பாணி சமுதாயத்துக்குத் தீர்மானம் போட்டது. அந்தத் தீர்மானம் இன்று முழுமையாக நிறைவேறியிருக்கும் ஒரே துறை வீட்டு விற்பனைதான். வருமானம் அவரவருக்கு, பொறுப்பு மட்டும் பொதுவுடைமை. புரோக்கர், எழுத்தர், வக்கீல், பேங்க், சார்பதிவாளர் என்று எல்லோரும் சமமாகப் பங்கிட்டதில் தலைக்கு ஒன்றும் வரவில்லை.

இதை மாற்றப் புரட்சி வேண்டாம். சொத்து ஒப்பீனியன் எழுதும் வக்கீலுக்குக் காப்பீடு கட்டாயம் என்று பார் கவுன்சில் விதி போடட்டும். ஃபீஸ் கட்டியவருக்கு ஒப்பீனியனின் நகலைக் கொடுத்தே தீர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி உத்தரவு போடட்டும். வசூலிக்கும் ஒன்பது சதவீதத்தில் ஒரு துளியை ஒதுக்கி, போலிப் பத்திரத்தால் நடுத்தெருவுக்கு வந்தவருக்கு நஷ்டஈட்டு நிதி ஒன்றை மாநில அரசு தொடங்கட்டும். எதற்கும் நிலவுக்கு ராக்கெட் விடும் விஞ்ஞானம் தேவையில்லை. தேவைப்படுவது வெட்கம், அதற்குத்தான் இங்கே வழிகாட்டி மதிப்பு பூஜ்யம்.

அதுவரைக்கும் அட்வான்ஸ் கொடுக்குமுன் உங்கள் வக்கீலிடம் இரண்டு கேள்வி கேளுங்கள். "சார், இந்த வேலைக்கு என்னைத் தவிர வேற யாராவது உங்களுக்குப் பணம் தர்றாங்களா?" "நீங்க பார்த்த பத்திரம் ஒவ்வொண்ணையும், பார்க்காததையும், உங்க லெட்டர்பேடில் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருவீங்களா?" தருகிறேன் என்பவருக்குக் கேட்ட ஃபீஸைப் பேரம் பேசாமல் கொடுங்கள். சிரித்துக்கொண்டே "அதெல்லாம் எல்லாம் கிளியர் சார்" என்பவரிடம் டீ கூடக் குடிக்காமல் எழுந்து வாருங்கள். கூட வந்த அண்ணன் பைக்கை ஸ்டார்ட் செய்தால், அதிலும் ஏறாதீர்கள்.