ஊர்ச் சங்கம் இல்லாத ஊர்

2004 டிசம்பர் 26, ஞாயிறு காலை, மட்டக்களப்புக் கரையில் கடல் எழுந்தபோது ரொறன்ரோவில் நத்தார் இரவு இன்னும் முடியவில்லை. இரவு பத்து மணி இருக்கும். விருந்துக்கு வந்தவர்கள் சப்பாத்து மாட்டிக்கொண்டு கிளம்பும் நேரத்தில் வீடுகளில் தொலைபேசி அடிக்கத் தொடங்கியது. விடிவதற்குள் கையிலிருந்த தொலைபேசி அட்டைகள் எல்லாம் தீர்ந்துவிட்டன. ஊருக்கு மட்டும் லைன் கிடைக்கவில்லை.

அடுத்த நாள் மத்தியானம் ஸ்காபரோவில் எங்கள் கோயில் மண்டபத்தில் கால் வைக்க இடமில்லை. யாரும் கூட்டம் கூட்டித் தீர்மானம் எழுதவில்லை. அரிசி மூட்டை, பருப்பு, பால்மா, போர்வை, பனடோல், குழந்தைகளின் பால் போத்தல், பெண்களுக்கான துவாய்கள் என்று கார் காராக வந்து இறங்கின. ஒரு பக்கம் ஆண்கள் பெட்டிக்கு ரேப் ஒட்டினார்கள். மறுபக்கம் அக்காமார் துணிகளைப் பிரித்து, கிழிந்ததை ஒதுக்கி, நல்லதை மடித்து அடுக்கினார்கள். இரவு வேலை முடித்து நித்திரை கொள்ளாமல் நேரே வந்தவர்கள் பலர். கடைக்காரர் ஒருவர் தன் வானையும் சாவியையும் விட்டுவிட்டுப் போய்விட்டார்.

இவ்வளவு வேகம் எங்கிருந்து வந்தது என்று வெள்ளைக்கார அயலவர்கள் வியந்தார்கள். எனக்கு அதில் வியப்பில்லை. 1983 இனக்கலவரத்துக்குப் பிறகு வந்து சேர்ந்த சனத்துக்குப் பெட்டி கட்டுவது பழகிய வேலை. யாருக்கு எது அனுப்ப வேண்டும், எந்தக் கார்கோக்காரரிடம் கொடுக்க வேண்டும், கொழும்பில் யார் எடுத்துக் கொடுப்பார்கள் என்பது எல்லாம் போர்க்காலம் முழுக்கத் தெரிந்திருந்தது. அதோடு ஊருக்கொரு ஊர்ச் சங்கமும் பள்ளிக்கூடத்துக்கொரு பழைய மாணவர் சங்கமும் இருந்தன. ஒருவர் ஐந்து பேருக்குச் சொன்னால் போதும், அந்த ஐவரும் தங்கள் ஊராரிடம் சேர்த்துவிடுவார்கள்.

மூன்றாம் நாளோ நாலாம் நாளோ கல்லடி மாமியின் குரல் கிடைத்தது. உயிரோடு இருந்தார். பாடசாலை ஒன்றில் தங்கியிருந்தார். அரிசி அனுப்புகிறோம் என்று சொன்னதும் அவர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது.

"அரிசி இஞ்ச இருக்கு மகன். உலை வைக்கப் பானைதான் இல்ல."

மட்டக்களப்பைத் தெரிந்தவர்களுக்கு இந்தப் பேச்சு உடனே புரியும். வாவிக்குக் கிழக்கே எழுவான்கரை, மேற்கே படுவான்கரை. அலை அடித்தது எழுவான்கரையை. வயல்வெளி பெரும்பாலும் படுவான்கரையில். பெரும்போக நெல் அப்போது வயலில் நின்றது, அடுத்த ஓரிரு மாதங்களில் அறுவடை. பக்கத்து அம்பாறையோ இலங்கையின் நெற்களஞ்சியங்களில் ஒன்று. கடற்கரையிலிருந்து கொஞ்சம் உள்ளே போனால் கடைகள் திறந்திருந்தன. அந்த மண்ணுக்குத்தான் ரொறன்ரோவிலிருந்து கொன்ரெய்னரில் அரிசி போனது. ரயில், துறைமுகம், கப்பல், கொழும்புச் சுங்கம் என்று எல்லாவற்றையும் தாண்டி அது கிழக்குக்குப் போய்ச் சேரும்போது அங்கே புதுநெல் குத்தியிருப்பார்கள்.

இன்னொரு கணக்கும் இருந்தது. பதிவுபெற்ற தொண்டு நிறுவனங்களுக்கு 2005 ஜனவரி 11க்குள் தனியார் கொடுக்கும் ஒவ்வொரு டொலருக்கும் இன்னொரு டொலர் போடுவதாகக் கனடா அரசாங்கம் அறிவித்தது. அது பணத்துக்கு மட்டும். இருபது டொலர் நாற்பதாகும், இருபது டொலருக்கு வாங்கிய அரிசி மூட்டை அதே மூட்டையாகத்தான் இருக்கும். மண்டபத்தில் இதை எடுத்துச் சொன்ன இளம் கணக்காளரை நான் இன்றும் மதிக்கிறேன். அந்த நேரத்தில் அப்படிச் சொல்ல நெஞ்சுரம் வேண்டும். சனம் கேட்டது, தலையாட்டியது, பெட்டி கட்டியது. ஊரில் செத்தவர்களின் பெயர்களை வானொலி வாசித்துக்கொண்டிருக்கும்போது, காசோலை ஒன்றில் கையெழுத்து வைத்துவிட்டு வீட்டுக்குப் போக யாருக்கும் மனம் வரவில்லை. அவர்களைக் குறை சொல்ல என்னால் முடியாது. திருக்கோவில், நாவலடி, மருதங்கேணி என்ற பெயர்களை எங்கள் பிள்ளைகள் படித்தது எந்தப் பாடப்புத்தகத்திலும் அல்ல, அந்தப் பெட்டிகளின் மேல் எழுதித்தான்.

ஆனால் அந்தப் பெயர்களைப் பற்றியே எனக்கு ஒரு கவலை இருந்தது, இப்போதும் இருக்கிறது. பெட்டி சொந்தம் போன வழியில்தான் போனது. வெளிநாடு வர ஏஜென்சிக்குக் காசு வேண்டும், காணியோ நகையோ ஈடு வைக்க இருக்க வேண்டும். அது இருந்த ஊர்களிலிருந்து ஆட்கள் கனடா வந்தார்கள், சங்கம் வைத்தார்கள், சங்கம் பெட்டி அனுப்பியது. கடலோரக் கொட்டில்களில் நாட்கூலிக்கு வலை இழுத்தவர்களுக்கு இங்கே யாரும் இல்லை. இலங்கையிலேயே அதிகம் பேர், பத்தாயிரத்துக்கும் மேல், இறந்தது அம்பாறை மாவட்டத்தில். மருதமுனை, சாய்ந்தமருது போன்ற முஸ்லிம் ஊர்கள் அங்கேதான் சிதைந்தன. எங்கள் மண்டபத்துப் பெட்டிகளில் அந்த ஊர்ப் பெயர்களை நான் தேடிப் பார்த்தும் காணவில்லை.

இருபத்தொரு ஆண்டுகளுக்குப் பிறகு, 2025 நவம்பர் இறுதியில், டித்வா புயல் இலங்கையைத் தாக்கியது. இம்முறை மழை, வெள்ளம், அதைவிடக் கொடிதாக மண்சரிவு. அறுநூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கண்டி, நுவரெலியா, பதுளை மாவட்டங்கள்தான் பெரிதும் அடிபட்டன. தேயிலைத் தோட்டங்களும் லயன் வீடுகளும் உள்ள மலைகள் அவை.

மண்டபத்தில் ஒரு பெட்டியும் கட்டவில்லை. வாட்ஸ்அப்பில் ஒரு குழு, அதில் கேட்டவை: பாய், அடுப்பு, பானை, பள்ளிக் கொப்பி. பதுளையிலிருந்து ஓர் ஆசிரியை பட்டியல் போடுவார். இங்கிருந்து அனுப்பும் காசு அன்றைக்கே போய்ச் சேரும். அங்கத்தைய கடையிலேயே வாங்கி, மறுநாள் பற்றுச்சீட்டின் படத்தைக் குழுவில் போடுவார். கடைக்காரருக்கும் நாலு காசு, சுமைகூலிக்காரருக்கும் வேலை. மாமி சொன்ன பானை இந்தத் தடவை பட்டியலில் இருந்தது. மாமி இப்போது இல்லை, இருந்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார்.

முதல் நாளே குழுவில் ஒருவர் கேட்டார், "அங்க எங்கட ஆக்கள் ஆர் இருக்கினம்?" கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. யாரிடம் கொடுப்பது என்று தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். ஆனால் அந்தக் கேள்விக்குப் பின்னால் நீண்ட வரலாறு இருக்கிறது. மலையக மக்களின் முன்னோர் 1823 முதல் தென்னிந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்டார்கள். சுதந்திரம் கிடைத்த கையோடு, 1948இன் குடியுரிமைச் சட்டம் அவர்களில் பெரும்பாலானோரை நாடற்றவர்களாக்கியது. அவர்களிலிருந்து கனடா வந்தவர்கள் மிகச் சொற்பம். தோட்டத்துக்குத் தோட்டம் ஊர்ச் சங்கம் இங்கே இல்லை. எங்கள் பெட்டிகள் இத்தனை வருடமும் அந்த மலைகளுக்கு ஏறாததற்கு அதுவும் ஒரு காரணம். ஒரு வயதான அக்கா பதில் எழுதினார்: "எல்லாரும் எங்கட ஆக்கள்தான் தம்பி. காசை அனுப்புங்கோ." அன்றிரவே காசு போனது.

பானையும் பாயும் போய்ச் சேர்ந்த பிறகு மிஞ்சி நிற்பது நிலம். 2004இலும் அதுதான் நின்றது. அலை அடித்த பிறகு அரசு வடக்கு கிழக்கில் கடலிலிருந்து 200 மீட்டருக்குள்ளும், தெற்கிலும் மேற்கிலும் 100 மீட்டருக்குள்ளும் வீடு கட்டத் தடை போட்டது. கடலை விட்டு எங்கே போவது என்று தெரியாமல் மீனவக் குடும்பங்கள் தற்காலிகக் கொட்டகைகளில் காலம் தள்ளின. அதற்குள் இங்கே மண்டபம் மறுபடி கலியாண மண்டபமாகிவிட்டது. மலையகத்தில் நிலைமை இன்னும் கடினம். 2014 அக்டோபரில் கொஸ்லாந்தை மீரியாபெத்தையில் லயன்கள் மண்ணுக்குள் போயின. எச்சரிக்கை முன்னரே வந்திருந்தது. எழுந்து போவதற்குச் சொந்தமாக ஓரடி நிலம் அந்தச் சனத்திடம் இருக்கவில்லை. பரம்பரை பரம்பரையாகத் தோட்டத்தில் உழைத்தும், காலடி மண் அவர்களுக்குச் சொந்தமில்லை. ஏழு பேர்ச்சஸ் காணியும் உறுதியும் என்ற கோரிக்கை பல ஆண்டுகளாக மேடைகளில் ஒலிக்கிறது. கையில் உறுதி வாங்கியவர்கள் கொஞ்சம் பேர்தான்.

நிலத்தை வாட்ஸ்அப்பில் அனுப்ப முடியாது. ஆனால் காணிக் கச்சேரிக்கு ஏறி இறங்கும் ஒருவரின் பஸ் காசை அனுப்பலாம். மனு எழுதிக் கொடுக்கும் சட்டத்தரணிக்கு மாதம் ஒரு தொகை கொடுக்கலாம். இங்கே எங்கள் பாராளுமன்ற உறுப்பினர்களிடம் போய், கனடாவின் உதவிப் பணத்தில் மலையகக் காணி என்று ஒரு வரி எழுதச் சொல்லி விடாமல் கேட்கலாம். இவை வேகம் கேட்கும் வேலைகள் அல்ல, மாதக்கணக்கில் கூட இருக்கச் சொல்லும் வேலைகள். 2004இல் பெட்டி கட்டிய பிள்ளைகள் இன்று சட்டத்தரணிகள், நில அளவையாளர்கள், நகரசபை ஊழியர்கள். அவர்களுக்கு இது தெரிந்த தொழில்.

புதுவருடம் பிறந்ததும், பட்டியல் முடிந்துவிட்டது, குழுவை மூடலாமா என்று ஒருவர் கேட்டிருந்தார். மூட வேண்டாம் என்று எழுதினேன். ஆசிரியையிடம் இனிப் பானைப் பட்டியல் வேண்டாம், காணி இல்லாத குடும்பங்களின் பட்டியல் போடுங்கள் என்று கேட்டிருக்கிறோம். முதல் லயனின் பெயர்கள் வந்துவிட்டன. மாதம் இருபது டொலர் போடச் சிலர் சம்மதித்திருக்கிறார்கள், இன்னும் ஆள் வேண்டும்.