வாசலோர நாற்காலி

கிறிஸ்தவக் கோயிலில் பீடத்துக்கு ஓர் இடம் உண்டு, ஞானஸ்நானத் தொட்டிக்கு ஓர் இடம் உண்டு. எந்தச் சட்டத்திலும் எழுதாமலே இடம்பிடித்துக்கொண்டது வாசலோரம் கிடக்கும் நாற்காலி. அதில் உட்காருகிறவர் ஆராதனைக்கும் வந்திருப்பார். ஆராதனைக்கு வருகிறவர்களைப் பார்க்கவும் வந்திருப்பார்.

தூத்துக்குடிப் பக்கம் எங்கள் ஊர்க் கோயிலில் அந்த நாற்காலி ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவருக்கு உரியது. ஊருக்கே அவர் 'சார்வாள்'. வருகைப் பதிவேட்டைப் பள்ளிக்கூடத்தில் ஒப்படைத்துவிட்டு வந்தாரே தவிர, பழக்கத்தை ஒப்படைக்கவில்லை. மூட்டுவலியால் கடைசிப் பெஞ்சில் உட்காரும் எனக்கு அவருடைய நேர்முக வர்ணனை வாராவாரம் இலவசம்.

"ரெண்டாம் மணி அடிச்சி எவ்வளவு நேரமாச்சு, இப்பத்தான் வாராவ." "புதுச் சேலை பாத்தீரா? கடன்காரன் வாசல்ல நிக்கான்." "பாவ அறிக்கை முடிஞ்ச பொறவு வந்து உக்காருதான். இவன் பாவத்த யாரு அறிக்கையிடுவா?"

யாரும் கவலைப்படத் தேவையில்லை. அந்த வேலையைச் சார்வாளே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர் வகிக்கும் பதவி மிகப் பழையது. சாமுவேலின் முதலாம் புத்தகத்தைத் திறந்தால் முதல் அதிகாரத்திலேயே, சீலோவில், ஆலய வாசல் நிலைக்குப் பக்கத்தில் ஆசனம் போட்டு ஆசாரியன் ஏலி உட்கார்ந்திருக்கிறார். பிள்ளையில்லாத அன்னாள் மனம் கசந்து ஜெபிக்கிறாள். உதடு அசைகிறது, சத்தம் வரவில்லை. ஏலி அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுத் தீர்ப்புக்கு வந்துவிட்டார்: குடித்திருக்கிறாள். இத்தனைக்கும் அவருடைய சொந்தப் பிள்ளைகள் ஓப்னியும் பினெகாசும் இருந்த லட்சணத்தில், பலியிட வந்தவர்களின் இறைச்சி சட்டியில் வேகும்போதே வேலைக்காரன் மூன்று கூருள்ள ஆயுதத்தை விட்டுக் குத்தி, வந்ததையெல்லாம் ஆசாரியன் பங்கென்று எடுத்துக்கொண்டிருந்தான். எங்கள் கோயில் விருந்தான அசனப் பண்டிகையில் கறி வாளியோடு கண்மறைகிற ஆட்கள்கூடக் கரண்டிதான் உபயோகிக்கிறார்கள்.

சரி, அன்னாள் உரக்க ஜெபித்திருந்தால் தப்பியிருப்பாளா? அப்போஸ்தலர் நடபடிகள் 2ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். எருசலேமில் பெந்தெகொஸ்தே நாளன்று சீடர்கள் பல பாஷைகளில் சத்தமாகப் பேசுகிறார்கள். வேடிக்கை பார்த்தவர்களில் சிலர் உடனே சொன்னது: குடித்திருக்கிறார்கள். ஆக, வாய்க்குள் ஜெபித்தாலும் குடி, வாய்விட்டு ஜெபித்தாலும் குடி. பேதுரு எழுந்து, பொழுது விடிந்து மூன்றாம் மணி வேளைதானே ஆகிறது என்று கேட்டார். நம் கணக்கில் காலை 9 மணி. தமிழ்நாட்டில் அந்த வாதம் இன்னும் வலுவாக நிற்கும். டாஸ்மாக் திறப்பதே பகல் 12 மணிக்குத்தான்.

எங்கள் ஊரில் இந்த வழக்கு இன்றும் நடக்கிறது. சி.எஸ்.ஐ. கோயிலில் அடக்கமாக ஜெபிக்கிறவர்களைப் பார்த்து, 'ஆவி இல்லாத கூட்டம்' என்கிறார்கள் பெந்தெகொஸ்தே சபையார். அவர்கள் கைதட்டிப் பாடுவதைக் கேட்டு, 'அடக்கம் இல்லாத கூட்டம்' என்கிறார்கள் எங்கள் ஆட்கள். நகை போட்டிருந்தால் அங்கே உலக ஆசை; போடாவிட்டால் இங்கே "அடகுக் கடையில கிடக்கும்". கர்த்தர் இருதயத்தைப் பார்க்கிறார் என்பதில் இரு தரப்புக்கும் கருத்து வேற்றுமை கிடையாது. கழுத்தை மட்டும் தாங்கள் பார்த்துக்கொள்வதாக ஏற்பாடு.

இதே தீர்ப்பு கண்ணை மூடிக்கொண்டால் அதற்கு ஜெபக்குறிப்பு என்று பெயர். வீட்டு ஜெபக்கூட்டத்தில், "யார்ட்டயும் சொல்லிராதீய, ஜெபிக்கணுமேன்னுதான் சொல்லுதேன்" என்று ஓர் அக்கா ஆரம்பித்தால், சுண்டலை அள்ளிய கைகள் அப்படியே நிற்கும். இன்னார் மகன் வேலையை விட்டது, மருமகள் தாய்வீட்டுக்குப் போனது, எந்த பஸ்ஸில் போனாள், பெட்டி பெரியதா சின்னதா என்பது வரை குறிப்பு விரியும். சர்வமும் அறிந்த கர்த்தருக்குப் பெட்டியின் அளவு எதற்கு?

துக்க வீட்டில் நிலைமை இன்னும் மோசம். பிள்ளைகளையும் சொத்தையும் இழந்து யோபு சாம்பலில் உட்கார்ந்திருந்தபோது எலிப்பாஸ், பில்தாத், சோப்பார் என்று மூன்று நண்பர்கள் வந்தார்கள். இரவும் பகலும் 7 நாள், ஒரு வார்த்தை பேசாமல், அவரோடு தரையிலேயே உட்கார்ந்திருந்தார்கள். அப்படியே எழுந்து வீட்டுக்குப் போயிருந்தால் வேதாகமத்திலேயே உத்தமமான நண்பர்கள் என்று பெயர் வாங்கியிருப்பார்கள். யோபு வாய்விட்டுப் புலம்பியதும் இவர்களுக்கும் வாய் திறந்துவிட்டது: நீர் ஏதோ தப்பு செய்திருக்கிறீர். கடைசியில் கர்த்தர் அந்த மூவர்மேலும் கோபம்கொண்டு, 7 காளைகளையும் 7 ஆட்டுக்கடாக்களையும் பலியிடச் சொன்னார். அவர்களுக்காக ஜெபிக்கும் பொறுப்பு யோபு தலையிலேயே விழுந்தது. அந்தத் தண்டத்தை எங்கள் பக்கம் அமலுக்குக் கொண்டுவந்தால் ஒரே மாதத்தில் எட்டயபுரம் ஆட்டுச் சந்தை காலியாகிவிடும்.

ஏலியை இவ்வளவு கேலி செய்தாலும் எனக்கு அவரைப் பிடிக்கும். அன்னாள், 'குடிக்கவில்லை ஐயா, மனக்கிலேசத்தில் பேசிக்கொண்டிருந்தேன்' என்று விளக்கியதும் அவர் சாட்சி கேட்கவில்லை. 'அதை முதலிலேயே சொல்வதற்கென்ன' என்று அவள்மேலேயே திருப்பவும் இல்லை. சமாதானத்தோடே போ, நீ கேட்டதைத் தேவன் தருவார் என்று, திட்டிய அதே வாயால் வாழ்த்தினார். தப்பான எண்ணம் யாருக்கும் வரும், ஆசாரியனுக்கே வந்தது. தீர்ப்புக்கு விவரம் எதுவும் வேண்டாம், ஆகவே அது முதல் ஆளாக வந்து உட்கார்ந்துவிடுகிறது. இரக்கம் விசாரித்துக்கொண்டுதான் வரவேண்டும், கொஞ்சம் தாமதமாகும். அதுவரை பொறுத்துக்கொள்ளத்தான் நமக்கு முடிவதில்லை.

அப்போஸ்தலன் பவுலுக்கு முடிந்தது. துரோவாவில் அவர் நடுராத்திரி வரை பிரசங்கித்தபோது, ஜன்னலில் உட்கார்ந்திருந்த ஐத்திகு என்ற வாலிபன் தூங்கி மூன்றாம் மாடியிலிருந்து விழுந்துவிட்டான். செத்தே போனான் என்று தூக்கினார்கள். பவுல் இறங்கிப்போய் அவனை அணைத்துக்கொண்டார், பையன் பிழைத்தான். 'வசனம் கேட்கும்போது என்ன தூக்கம்' என்று அவர் கடிந்துகொண்டதாக எங்கும் எழுதியில்லை. பிரசங்கத்தைச் சுருக்கியதாகவும் எழுதியில்லை. மேலே போய் விடியும் வரை பேசினார்.

எங்கள் கோயிலிலும் ஓர் ஐத்திகு உண்டு. பிரசங்க வாக்கியத்தை வாசித்ததும் தலை தொங்கிவிடும். "ராத்திரி பூரா செல்போன்" என்பது சார்வாள் ரொம்ப நாளாக வைத்திருந்த தீர்ப்பு. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து அவனை நிறுத்தி, "ஏம்டே, ராத்திரி தூங்குததே இல்லியா?" என்று கேட்டுவிட்டார்.

"உப்பளத்துக்குப் போயிட்டு நேரா வாரேன் சார்வாள். வெயிலுக்கு முன்னால முடிக்கணும்லா, ராத்திரி ரெண்டு மணிக்கே இறங்கிருவோம்."

சார்வாள் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த வாரம் தூணோரம் தம் துண்டை விரித்து இடம் பிடித்து வைத்திருந்தார். பையன் வந்ததும், "இங்கன சாஞ்சுக்கோடே. ஜன்னல் பக்கம் மட்டும் போயிராத" என்றார். எங்கள் கோயிலுக்கு மாடியே கிடையாது; ஆனாலும் வேதம் படித்தவர், முன்ஜாக்கிரதையாக இருந்தார்.

பிறகு ஐயர் பிரசங்கத்துக்கு எழுந்தார். எங்கள் பக்கம் போதகரை ஐயர் என்றுதான் சொல்வது. சார்வாள் என் காதோரம் சாய்ந்து, "இவரு பேசுத பேச்சுக்கு யாருக்குத்தான் தூக்கம் வராது?" என்றார்.

இரக்கம் ஒரு நேரத்தில் ஒருவருக்குத்தான் கிடைக்கிறது. ஐயர் தம் முறை வரும்வரை பொறுத்திருக்க வேண்டும்.