கட்டம் பாத்துக் கைவையி மருமவனே

ஏ மருமவனே, சாரல் அடிக்கு. ஐந்தருவியில தண்ணி கொட்டுது, ஊரே தலையில எண்ணெயத் தேச்சுக்கிட்டுப் போவுது. நீ மட்டும் தார்சாவுல உக்காந்து எவனோ சீமைக்காரன் பேங்குக் கணக்க வெறிச்சுப் பாத்துக்கிட்டு இருக்க. இருந்துக்கோ. சம்பளம் தாராம்லா, குளிப்பு எங்க ஓடிப்போவுது.

மத்தளம்பாறையில 2011ல சோஹோக்காரங்க வந்த பெறவு நம்ம தென்காசிப் பக்கம் கம்ப்யூட்டர்ப் பிள்ளைகளுக்கு மரியாதை ஏறிட்டு. ஆனா அவங்க பாக்கது புதுச் சரக்கு. நீ பாக்கது மெயின்ஃப்ரேமு. ஐபிஎம்காரன் 1964ல சிஸ்டம்/360ன்னு ஒண்ணு விட்டாம்லா, அந்த வம்சம். நீ போன்ல 'கோபால், கோபால்'னு கத்துனப்ப ஒங் கூட்டாளி எவனோன்னு நெனச்சேன். பெறவுதான் தெரிஞ்சுது, அது 1959ல கருவான கம்ப்யூட்டர் பாஷைன்னு. என்னைய விட எளையவன்தான், இன்னும் வேலைக்குப் போறான். நான் திண்ணையில கெடக்கேன்.

நேத்து ஒரு ஃபைலத் தொறந்துட்டு முழிச்சியே, மாமன் பாக்கலன்னு நெனச்சியோ? ஆளு பேரு தெரியுது, ஊரு தெரியுது, பாக்கி எவ்வளவுங்கற எடத்துல மட்டும் கன்னாபின்னான்னு குறி. ஃபைலு கெட்டுப்போச்சுன்னு சென்னைக்குப் போன் வேற. ஒண்ணும் கெடல மருமவனே. ரூவாய 'பேக்டு'ன்னு மடிச்சு வச்சிருக்கான். ஒரு பைட்டுக்குள்ள ரெண்டு இலக்கம். கடைசி அரைப் பைட்டுல கூட்டலா கழித்தலான்னு ஒரு குறி. சி-ன்னா கூட்டல், டி-ன்னா கழித்தல். 12,345 ரூவா 67 பைசாவ 00 12 34 56 7சி-ன்னு அஞ்சு பைட்டுல அடக்கிருவான். புள்ளியக் காணோமேன்னு தேடாத. புள்ளி ஃபைல்லயே கெடையாது, கலங்களோட அமைப்ப எழுதி வச்சிருக்க காப்பிபுக்குல ஒரு 'வி' எழுத்தா உக்காந்திருக்கு. இதெல்லாம் நீ போன்ல அடுத்தவனுக்குச் சொல்லிக்குடுத்ததுதான். கேட்டவன் மறந்துட்டான், சொன்ன நீயும் மறந்துட்ட, சும்மா கெடந்த எனக்குல்லா மனப்பாடம் ஆயிட்டு.

எந்தக் கலம் எத்தனாவது பைட்டுல தொடங்குது, நீளம் எவ்வளவு, எழுத்தா எண்ணான்னு காப்பிபுக்குல இருக்கு. அத டெம்ப்ளேட்டா ஆக்கி ஐபிஎம் ஃபைல் மேனேஜர்லயோ ஃபைல்-எய்டுலயோ மாட்டுனா, பேரு பேராவும் ரூவா ரூவாவும் நிக்கும். நீ 500ன்னு அடிச்சா அதுவே மடிச்சு உள்ள வச்சுக்கிடும். ஒங்க ஆபீசுல இதப் பெரிய வித்தைன்னு பேசிக்கிடுதாங்க. எங்க அப்பா கணக்கப்பிள்ளைகிட்ட அடங்கல் எழுதுனவரு. கிராமக் கணக்குல அது ரெண்டாம் நம்பரு. 1980ல எம்.ஜி.ஆர். அந்தப் பரம்பரை உத்தியோகத்தையே ஒழிச்சு விஏஓ போடுத வரைக்கும் எழுதுனாரு. அந்த நோட்டுல கலத்துத் தலைப்ப மறைச்சிட்டுப் பாரு, சர்வே எண்ணு எது, பரப்பு எது, தீர்வை எதுன்னு ஜமாபந்திக்கு வந்த தாசில்தாருக்கே தெரியாது.

குத்தாலத்துப் பக்கம் ரிசார்ட் கட்ட எடம் தேடி ஒரு பட்டணத்து மனுசன் வந்தாரே, ஞாபகம் இருக்கா? பட்டாவுல 0-40.50ன்னு பாத்தாரு. 'நாப்பது சென்ட்டுதானா'ன்னு மூக்கச் சுளிச்சிட்டுக் காருல ஏறிட்டாரு. கலத்துக்கு மேல ஹெக்டேர்-ஏர்னு போட்டிருந்தத வாசிக்கல. நாப்பதரை ஏர்னா ஒரு ஏக்கரு, நூறு சென்ட்டு! நான் வாயத் தொறக்கல. எங் கிணத்துக்குப் பக்கத்துல அவரு நீச்சல்குளம் வெட்டணும்னு எனக்கென்ன நேர்ச்சையா?

அவரு படிச்ச நம்பரு சரி, படிச்ச மொறைதான் தப்பு. ஒனக்கும் அதுதான்டே வரப்போவுது. நடுவுல ஒரு கலத்த ரெண்டு பைட்டு கூட்டிட்டாங்கன்னு வையி. நீ பழைய காப்பிபுக்கோட போனா அதுக்கு அடுத்ததெல்லாம் ரெண்டு பைட்டு தள்ளிப்போகும். ரூவா இருக்க வேண்டிய எடத்துல நட்சத்திரமா நின்னா நீ தப்பிச்ச. ராத்திரி ஜாபும் அதே பழைய காப்பிபுக்கோட ஓடுனா 'சாக் செவன்'னு விழும், நாலு பேரு எந்திரிச்சு வருவான், அதுவும் நல்லதுதான். ஏதோ ஒரு நம்பரு லட்சணமா வந்து நின்னுச்சுன்னா? அத நம்பி நீ திருத்துவ. எவன் கணக்குலயோ மண்ணு விழும்.

ரீடிஃபைன்ஸ்னு ஒண்ணு சொல்லுவியே, அத எங்கிட்ட வெளக்க வேண்டாம். அகத்தியரு குத்தாலத்துல திருமால் தலையில கைய வச்சு லிங்கமாக்கின கதை கேட்டு வளந்தவன் நான். எடம் அதேதான், கும்பிடுத மொறை வேற. ஒரே ஃபைல்ல தலைப்பு ரெக்கார்டும் இருக்கும், வரவுசெலவு ரெக்கார்டும் இருக்கும். எது எதுன்னு சொல்லுத அந்த ரெக்கார்டு வகைக் கலத்தப் பாக்காம டெம்ப்ளேட்ட மாட்டுனா, நாமத்துக்கு மேல திருநீறு பூசுன கதைதான்.

இன்னொரு கூத்து. அந்த ஃபைல எழுத்துன்னு நெனச்சு ஒங் கம்ப்யூட்டருக்கு மாத்தி இறக்காத. மெயின்ஃப்ரேமுக்கு எழுத்து எப்சிடிக், ஒங் கம்ப்யூட்டருக்கு ஆஸ்கி. அங்க காலி எடம் 40, இங்க 20. மடிச்சு வச்ச 400 ரூவா, 00 00 40 00 0சி-ன்னு இருக்கு பாரு, மொழிமாத்துற மெஷினு நடுவுல உள்ள 40ஐக் காலி எடம்னு நெனச்சு 20 ஆக்கிரும். 400 ரூவா 200 ரூவா ஆயிட்டு. நட்சத்திரம் வராது, சாக் செவனும் வராது. திருடனக்கூட இவ்வளவு சுத்தமா நான் பாத்ததில்ல.

வருசத்த ரெண்டு இலக்கத்துல எழுதிப்புட்டு, 2000 பொறக்கப்போவுதுன்னு ஒலகமே இந்தக் கட்டத்தத் திருத்த ஓடுச்சே, நம்ம பையமாரும் கோபால் படிச்சு விமானம் ஏறுனாங்களே, அப்ப நம்ம வருவாய்க் கணக்குல பசலி 1409 ஓடிக்கிட்டிருந்துச்சு. எங்க அடங்கலுக்கு ஒரு தும்மல்கூட இல்ல. சும்மா சொல்லி வச்சேன்.

இப்ப ஃபைலத் தொறக்கப்போறியா? எடிட்டுல போகாத, வியூவுல போ. காப்பிபுக்கு என்னைக்கு உள்ளதுன்னு கேளு, 'எங்கிட்ட இருக்கதுதான் கடைசி'ன்னு சொல்லுதவன நம்பாத. டெம்ப்ளேட்டு நீளமும் ரெக்கார்டு நீளமும் ஒத்து வருதான்னு பாரு. ஒத்து வந்தாலும் ரெண்டு ரெக்கார்ட ஹெக்ஸுல போட்டு ஒங் கண்ணால பாரு. திருத்துறதுக்கு முந்தி ஃபைலுக்கு ஒரு நகல் எடுத்து வையி. நீளம் ஒத்து வரலன்னா மேனேஜருக்குச் சொல்லிட்டு லேப்டாப்ப மூடு, துண்ட எடுத்துக்கிட்டு வா. தண்ணி இன்னைக்கு நல்லா விழுது.