வாரமா, மாதமா?

கொச்சி மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் ஒரு மிளகு மண்டியில் கணக்கு எழுதிப் பிழைக்கிறவன் நான். ஐம்பது ரூபாய் ஆட்டோக் கூலிக்கு ரசீது கேட்டு சுமட்டுக்காரர்களிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவன். ஐந்தொகையில் ஏழு ரூபாய் இடித்தால், ராத்திரி எந்நேரமானாலும் அந்த ஏழு ரூபாயைப் பிடித்துவிட்டுத்தான் எழுந்திருப்பேன். இவ்வளவு பெருமை எதற்கு அடிக்கிறேன் என்றால், இதே கை ஒரு கால்பந்துக் கிளப்பை 14 மாதத்தில் ஓட்டாண்டியாக்கியிருக்கிறது.

கம்ப்யூட்டரில்தான். ஆனாலும் மானம் போனது நிஜம்.

2024 செப்டம்பரில் ‘ஃபுட்பால் மேனேஜர் 2024’ விளையாட்டை எபிக் கேம்ஸ் கடையில் ஒரு வாரம் சும்மா கொடுத்தார்கள். என் மகன் இறக்கினான். இரண்டே நாளில் சலித்துவிட்டான். “இதுல பந்தை நாம உதைக்கவே முடியாதுப்பா, எல்லாம் கணக்குதான்” என்றான். கணக்கு என்ற சொல் காதில் விழுந்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டேன். இங்கிலாந்தில் கோலியர் என்று இரண்டு சகோதரர்கள் எழுதி 1992-ல் வெளிவந்த ‘சாம்பியன்ஷிப் மேனேஜர்’தான் இதன் மூதாதை. அதிலும் ஆளை வாங்கலாம், விற்கலாம், சம்பளம் பேசலாம். காலால் செய்யும் வேலை கிடையாது. எனக்கென்றே செய்துவைத்த மாதிரி இருந்தது.

எடுத்தது கேரள பிளாஸ்டர்ஸ். 2014, 2016, 2022 என்று மூன்று முறை இந்தியன் சூப்பர் லீக் இறுதியாட்டத்துக்குப் போய் மூன்றிலும் தோற்ற எங்கள் மஞ்சள் சட்டை. நடுவில் உள்ளது நம் கலூர் மைதானத்திலேயே, பெனால்ட்டியில். இந்தக் குறையைத் தீர்த்துவைக்க ஒரு கணக்கன் வேண்டும் என்று எனக்குத் தோன்றியது.

முதல் வேலையாக நாணயத்தை ரூபாய்க்கு மாற்றினேன். பழைய நாள்வழி நோட்டு ஒன்றை எடுத்து, இடது பக்கம் வரவு, வலது பக்கம் செலவு என்று கோடு போட்டேன். ஒவ்வொரு ஆட்டக்காரனின் பெயருக்கும் எதிரே சம்பளம். அதைப் பன்னிரண்டால் பெருக்கி வருஷச் செலவு. இவ்வளவு மலிவாக ஆள் கிடைக்கிறதே, மற்ற மேனேஜர்கள் எல்லாம் என்ன செய்துகொண்டிருக்கிறார்கள் என்று வியந்தேன். ஆட்டக்காரரை வாங்க ஒதுக்கிய பணத்தைச் சம்பளத்துக்குத் தள்ள ஒரு கம்பி இருக்கிறது. அதைக் கடைசி வரைக்கும் இழுத்துவிட்டேன்.

நான்கு மாதம் கழித்து என் நோட்டில் உபரி. திரையில் கையிருப்பு அதலபாதாளம். புரோகிராமில்தான் கோளாறு என்று முடிவுகட்டி மகனைக் கூப்பிட்டேன். அவன் திரையை ஒரு தரம் பார்த்துவிட்டு விரலை வைத்தான். சம்பளத் தொகைக்குப் பக்கத்தில் எறும்பு எழுத்தில் இருந்தது: வாரத்துக்கு.

52-ஐ 12-ஆல் வகுத்தால் நாலேகால் மடங்குக்கும் கொஞ்சம் மேலே. ஏழு ரூபாயைத் தேடி ராத்திரி உட்கார்ந்தவன் இதை நான்கு மாதம் கவனிக்கவில்லை. வாரம், மாதம், வருஷம் எப்படி வேண்டுமானாலும் காட்டச் சொல்லி மாற்றிக்கொள்ளலாமாம். “செட்டிங்ஸ்ல இருக்குப்பா” என்றான், குரலில் ஒரு மரியாதையும் இல்லாமல்.

இதைவிட வெட்கக்கேடு ஒன்று உண்டு. மண்டியில் மூட்டை வந்து இறங்கினால் நான் குத்தூசி இல்லாமல் கிட்டே போகமாட்டேன். மேலே ஒரு குத்து, நடுவில் ஒரு குத்து, அடியில் ஒரு குத்து. மூன்றையும் கலந்து லிட்டர் படியில் கொட்டி, தலையைத் தட்டி, நிறுப்போம். லிட்டருக்கு 550 கிராம் நின்றால் நல்ல சரக்கு. குறைந்தால் பொக்கு கலந்திருக்கிறது. அப்புறம் நாலு மணியைப் பல்லில் கடித்துப் பார்த்து ஈரம் சொல்வேன். அப்படிப்பட்டவனிடம் விளையாட்டு ஒரு பையனைக் காட்டியது. முழுதாகக் கவனித்து முடிக்காத ஆளுக்கு அது ஒரே எண்ணைச் சொல்லாது, ‘வேகம் 9 முதல் 15 வரை’ என்று வீச்சாகச் சொல்லும். எந்த வியாபாரியாவது வந்து “லிட்டர் வெயிட் 450-லிருந்து 560-க்குள்ள இருக்கும், வாங்கிக்கோ” என்றால் கடை வாசலிலேயே திருப்பி அனுப்பியிருப்பேன். இங்கே 15-ஐ மட்டும் படித்தேன். வாங்கினேன். வந்து பார்த்தால் 9.

மாக்சிம் சிகால்கோ என்று பெலாரஸ் நாட்டு ஆள் ஒருவர் இருந்தார். ‘சாம்பியன்ஷிப் மேனேஜர்’ 2001-02 பதிப்பில் அவரை வாங்கியவர்களெல்லாம் கோல் மழையில் நனைந்தார்கள். உலகெங்கும் அவர் பெயர் பிரசித்தம். நிஜத்தில் அவர் தேசிய அணிக்கு ஆடியது இரண்டே ஆட்டம். காயம் தொல்லை செய்து 26 வயதில் ஓய்வு, 2020-ல் 37 வயதில் மரணம். இதையெல்லாம் படித்துவிட்டு ‘திரையில் வரும் எண்ணை நம்பக்கூடாது’ என்று மகனுக்குப் பாடம் எடுத்தேன். மறுநாள்தான் அந்த 9-ஐ வாங்கினேன்.

சஹல் விஷயத்துக்கு வருகிறேன். கண்ணூர்க்காரரான சஹல் அப்துல் சமத் 2023 ஜூலையில் பிளாஸ்டர்ஸிலிருந்து கல்கத்தாவின் மோகன் பகானுக்குப் போனார். பதிலுக்கு பிரீதம் கோட்டாலும் கொஞ்சம் பணமும் வந்தன. ஊரே சோர்ந்துகிடந்தது. நான் மட்டும் டீக்கடையில் நின்று, “உணர்ச்சிவசப்படாதீங்க, வர்ற விலையைப் பாருங்க” என்று வியாபார நியாயம் பேசினேன். அந்த விளையாட்டில் நான் செய்த பெரிய செலவு எது தெரியுமா? சஹலைத் திரும்ப வாங்கியது. மோகன் பகான் கேட்டதற்கு மேலேயே கொடுத்தேன், மூன்று வருஷத் தவணையில். ஒப்பந்தம் முடிந்த ராத்திரி தனியாக எழுந்து நின்று கைதட்டினேன்.

தவணை கட்டப் பணம் வேண்டுமே. நன்றாக ஆடிய பையன் ஒருவனை விற்றேன். நல்ல விலை. ஆனால் அவனை வாங்கும்போது விலையைக் குறைக்க, ‘அடுத்து விற்றால் பாதி உங்களுக்கு’ என்று பழைய கிளப்புக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். சுத்தமாக மறந்துபோனது. பாதி அங்கே போனது. மீதிப் பாதியை வாங்கியவர்கள் தவணையில் தருவார்களாம். அதற்குள் இன்னொருவனை ரொக்கத்துக்கு வாங்கிவிட்டேன். விற்றது கடனுக்கு, வாங்கியது ரொக்கத்துக்கு. மண்டியில் டீ வாங்கிவரும் பையனுக்குக்கூடத் தெரியும், இப்படி நடத்தும் கடை எத்தனை நாள் தாங்கும் என்று.

அப்போதுதான் எஃப்.சி. கொச்சின் ஞாபகம் வந்து உறுத்தியது. 1997-ல் இதே ஊரில் தொடங்கிய கிளப். இந்தியாவின் முதல் தொழில்முறைக் கிளப் என்றார்கள். ஐ.எம். விஜயன், ஜோ பால் அஞ்சேரி, நம் தமிழ்நாட்டு ராமன் விஜயன் என்று பெரிய பெயர்களை அள்ளிவந்தார்கள். அந்த வருஷமே டூரண்ட் கோப்பை, இறுதியில் மோகன் பகானை 3-1 என்று அடித்து. அடுத்த தேசிய லீக்கில் அதிக கோல் அடித்தவர் ராமன் விஜயன். தென்காசியிலிருந்து மாமாவின் கடைக்கு எடுபிடியாக வந்த புதுசு எனக்கு. மட்டாஞ்சேரி ஜெட்டியில் படகு பிடித்து எறணாகுளம் இறங்கி, அங்கிருந்து பஸ்ஸில் கலூருக்குத் தொங்கிக்கொண்டு போவேன். 2002-ல் பணமுடையில் அந்தக் கிளப் இழுத்து மூடப்பட்டது. “ஒழுங்கா கணக்கு எழுதத் தெரிஞ்ச ஒருத்தன் இருந்திருந்தா இப்படி ஆகுமா?” என்று வருஷக்கணக்கில் சொல்லித் திரிந்தேன். அந்த ஒருத்தன் நான்தான் என்று நினைப்பு. அவர்களாவது ஐந்து வருஷம் தாக்குப்பிடித்தார்கள், ஒரு கோப்பையும் வாங்கிவைத்தார்கள்.

ஆறுதலுக்குப் பெரிய இடங்களைத் தேடினேன். இங்கிலாந்தின் எவர்ட்டன் கிளப்புக்கு 2023 நவம்பரில் 10 புள்ளிகளை வெட்டினார்கள். மூன்று வருஷ நஷ்டம் 10.5 கோடி பவுண்டுக்குள் இருக்கவேண்டும் என்பது அப்போதைய விதி. அவர்கள் கணக்கு 12.45 கோடிக்குப் போய்விட்டது. மேல்முறையீட்டில் வெட்டு 6 ஆகக் குறைந்தது. “பார்த்தியா, அங்கேயே அப்படித்தான்” என்றேன் மகனிடம். “அவங்க வாரத்தை மாசம்னு படிச்சாங்களா?” என்றான்.

14-ஆவது மாதம் நிர்வாகக் குழு என்னை நீக்கியது. முந்தைய சேமிப்புக்குப் போய்த் திரும்ப ஆடினேன். மறுபடி நீக்கியது. மூன்றாம் முறை சேமிக்கவே மறந்திருந்தேன்.

அதே வாரம் வீட்டுச் சீட்டுப் பாஸ்புக்கை எடுத்துக்கொண்டு என் மனைவி வந்து நின்றாள். மோகன் பகானுடன் பேரம் நடந்த நாட்களில் எங்கள் மாதத் தவணையைக் கட்ட மறந்துவிட்டேன். தேதி தப்பினால் அந்த மாதத்து டிவிடெண்ட் கிடையாது. முழுத் தவணையும் கட்டவேண்டும்.

“என்னங்க, அந்தக் கல்கத்தாக்காரங்களுக்குத் தவணை தவறாமப் போச்சா?”

“அது தானாவே போயிடும்” என்றேன்.