கழுகு வளர்ப்போர் சமூகத்துக்கு ஒரு விண்ணப்பம்

பெறுநர்: ஆளுமை மேம்பாட்டுப் பயிற்சி நிறுவனத்தார் அவர்கள்.

பொருள்: அலுவலக ஊழியர்களைக் கழுகாக்கும் ஒருநாள் முகாம் – நன்றி நவில்தல் – கட்டணத்தைத் திரும்பக் கோருதல் – தொடர்பாக.

ஆளுமை மேம்பாட்டு முகாம் என்பது குளிரூட்டிய கல்யாண மண்டபத்திலோ ஓட்டல் அரங்கிலோ ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்து நடத்தப்படுவது. கதவைச் சாத்துதல், செல்போனைக் கூடையில் வாங்கி வைத்தல், காது கிழியப் பாட்டுப் போடுதல், பக்கத்து நாற்காலிக்காரரைக் கட்டிப்பிடிக்கச் சொல்லுதல் ஆகியவை இதன் அங்கங்கள். கட்டணம் சம்பளத்தில் பிடித்தமாகும். அதன்மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. உண்டு, தன்னம்பிக்கைக்கு வரிவிலக்கு கிடையாது.

இத்துறையின் பரம்பரை பெரியது. 1912இல் டேல் கார்னகி நியூயார்க் ஒய்.எம்.சி.ஏ.வில் மேடைப்பேச்சு வகுப்பு தொடங்கினார். அங்கே சேர்ந்தவர்கள் எழுந்து நின்று நாலு வார்த்தை பேசவாவது பழகினார்கள். 1971இல் சான்பிரான்சிஸ்கோவில் ‘எஸ்ட்’ என்ற பயிற்சியைத் தொடங்கிய வெர்னர் எர்ஹார்ட், அதற்குமுன் பழைய கார்களும் கலைக்களஞ்சியங்களும் விற்றவர். இரண்டு வார இறுதிகள் ஆட்களை அரங்கில் உட்கார்த்தி வைத்தார். கழிவறைக்குப் போவதற்கும் கட்டுப்பாடு வைத்தார். பணம் கட்டியவரையே திட்டலாம், அதற்கு அவர் நன்றியும் சொல்வார் என்று நிரூபித்ததில் எர்ஹார்டுக்குப் பெரும்பங்கு உண்டு. மேற்படி நிறுவனத்தார் அந்த மரபை வழுவாமல் காக்கிறார்கள். சென்ற ஞாயிறன்று சர்க்கரை நோயுள்ள மூத்த கணக்கர் ஒருவர் வெளியே போய்வர எழுந்தபோது, வெற்றியாளர்கள் சாக்குச் சொல்வதில்லை என்று பயிற்சியாளர் மைக்கிலேயே அறிவித்தார். அரங்கம் கைதட்டியது.

இனி, கழுகு. பயிற்சியாளர்களின் விலங்கியல்படி கழுகுக்கு ஆயுள் 70. நாற்பதாவது வயதில் அது மலையுச்சிக்குப் போய், அலகைப் பாறையில் மோதி உடைத்து, புது அலகு முளைத்ததும் நகங்களையும் இறகுகளையும் பிடுங்கிப் போட்டு, 150 நாள் கழித்து வாலிபமாக இறங்கி வரும். காட்டிலுள்ள கழுகுகளுக்கு இச்செய்தி இன்னும் எட்டவில்லை. அவற்றின் அலகு மனித நகம்போல வளர்ந்துகொண்டும் தேய்ந்துகொண்டும் இருக்கும். அதை உடைத்துக்கொண்டால் இரையைக் கிழிக்க வழியின்றிப் பட்டினியில் சாகும். அமெரிக்காவில் 1977இல் காலில் வளையம் மாட்டிவிடப்பட்ட வெண்தலைக் கழுகு ஒன்று 2015இல் வண்டியில் அடிபட்டு இறந்தது. அப்போது அதற்கு வயது 38. காட்டில் வாழும் அவ்வினத்துக்கு அதுவே சாதனை. இரண்டு வருடம் தாக்குப்பிடித்திருந்தால் முகாமில் சேரத் தகுதி பெற்றிருக்கும். அந்த 150 நாளும் சம்பளமில்லா விடுப்பா, பி.எஃப். பிடித்தம் என்னவாயிற்று என்பதற்கெல்லாம் கையேட்டில் விளக்கம் இல்லை.

கதை முடிந்ததும் செய்முறை. கைகளை விரித்து, “நான் கழுகு” என்று கத்தியபடி எல்லாரும் அரங்கைச் சுற்ற வேண்டும். தோள்வலியால் நின்றுவிட்ட அந்தக் கணக்கரை மேடையேற்றி, “இவர் கழுகு இல்லை, கோழி” என்று பட்டம் சூட்டி, கொக்கரிக்கச் சொன்னார்கள். அவர் மகள் வயதுப் பெண்கள் முன்னால் நடந்தது இது. வீடியோ அன்றிரவே அலுவலக வாட்ஸ்அப் குழுவுக்கு வந்தது. வருடக்கணக்காக ஒரு பைசா பிசகாமல் கணக்கு வைத்த மனிதரைக் கொக்கரிக்க வைக்க இவர்களுக்கு யார் அதிகாரம் கொடுத்தது? இதற்குப் பெயர் பயிற்சி அல்ல, அயோக்கியத்தனம். அந்த மனிதரின் பணத்திலேயே அவரை அவமானப்படுத்தியிருக்கிறார்கள்.

நிற்க. நிறுவனத்தாரின் பறவை ஞானம் போற்றுதலுக்குரியது.

அவர்களது அறிவியல் ஞானமும் அவ்வாறே. எந்தப் பழக்கமும் 21 நாளில் படியும் என்பது முகாமின் வேதவாக்கு. மாக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற ஒட்டறுவை மருத்துவர், நோயாளிக்குத் தன் புது முகம் பழகக் குறைந்தது 21 நாளாவது ஆகிறது என்று 1960இல் எழுதினார். அந்தக் ‘குறைந்தது’ வழியில் எங்கோ உதிர்ந்துவிட்டது. லண்டனில் நடந்த ஆய்வொன்று, ஒரு பழக்கம் படியச் சராசரியாக 66 நாள் ஆகிறது, சிலருக்கு 254 நாள்கூட ஆகலாம் என்று கணித்தது. கழுகே அதற்குள் ஒன்றரை முறை இளமை பெற்றுவிடும். அடுத்தது, பேச்சில் சொல்லுக்கு 7 சதவீதம்தான் மதிப்பு என்ற கணக்கு. இதற்கு மூலமான ஆய்வில், 1967இல் ஆல்பர்ட் மெஹ்ராபியன் ஒற்றைச் சொற்கள், குரல், முகப்படங்கள் இவற்றைக் கொண்டு விருப்பும் வெறுப்பும் எப்படி உணரப்படுகின்றன என்று மட்டுமே ஆராய்ந்தார். எல்லாப் பேச்சுக்கும் இது பொருந்தாது என்று அவரே சொல்லியிருக்கிறார். நிறுவனத்தார் அந்த 7 சதவீதக் கணக்கை நம்புவது உண்மையானால், நாள் முழுக்கப் பேசியதற்கு 7 சதவீதக் கட்டணம் வாங்கியிருக்கலாம்.

அடுத்த கட்டமான ‘உயர்நிலைக் கழுகு’ முகாமில் நெருப்பில் நடக்க வைப்பார்களாம். 2016இல் டல்லஸில் டோனி ராபின்ஸ் நடத்திய முகாமில் அப்படி நடந்த 30க்கும் மேற்பட்டோருக்குத் தீக்காயம் ஏற்பட்டது. கரி வெப்பத்தை மெதுவாகவே கடத்தும். மேலே சாம்பல் மூடியிருக்கும். வேகமாக நடந்தால், தன்னம்பிக்கை இல்லாதவர் காலும் பெரும்பாலும் தப்பிக்கும். தமிழ்நாட்டுத் திரௌபதி அம்மன் கோயில்களில் காப்புக் கட்டி விரதமிருந்து தீமிதிப்பவர்கள் அதற்கு ஜி.எஸ்.டி. கட்டுவதில்லை.

எனவே வாட்ஸ்அப் வீடியோவை நீக்கவும், பிடித்த கட்டணத்தை வரியோடு திருப்பவும், உயர்நிலை முகாமில் சேரச்சொல்லி இரவு நேரங்களில் போன் செய்வதை நிறுத்தவும் பணிவன்புடன் கோரப்படுகிறது.

இணைப்பு: சம்பளச் சீட்டு நகல், தோள்வலிக்கான மருந்துச் சீட்டு நகல், ‘கழுகு’ எனச் சான்றளிக்கும் சான்றிதழ் – அசல், திருப்பி அனுப்பப்படுகிறது.