மழை நகரில் படைப்பாளியாக வாழ்வது எப்படி: மாளிகாவத்தையிலிருந்து ஒரு கையேடு

மழையும் வேண்டும், கலையும் வேண்டும், வாடகையும் கட்டுப்படியாக வேண்டும் என்று ஊர் தேடுகிறவர்கள் உலகெங்கும் உண்டு. அவர்கள் வாயில் கொழும்பின் பெயர் வருவதில்லை, லண்டன் என்பார்கள். லண்டனில் ஆண்டுக்குப் பெய்வது ஏறத்தாழ 600 மில்லிமீற்றர். கொழும்பில் 2,400க்குக் கிட்ட. லண்டன்காரர் நாலு வருஷம் நனைவதை நாங்கள் ஒரே வருஷத்தில் நனைந்து முடித்துவிடுகிறோம். ஆனாலும் மழைக்குப் பேர் அவர்களுக்கு, ஈரச் சுவர் எங்களுக்கு.

இந்தக் குறையைத் தீர்க்கவே இக்கையேடு. யாழ்ப்பாணத்திலிருந்தோ மட்டக்களப்பிலிருந்தோ மலையகத்திலிருந்தோ கையில் ஒரு கவிதைக் கொப்பியுடன் கொழும்பில் வந்திறங்கும் எவரும் பயன்படுத்தலாம். கனடாவிலிருந்து விடுமுறையில் வருவோரும் பார்க்கலாம். கொழும்பின் மாளிகாவத்தை வாசிகளுக்கு மட்டும் இது தேவையில்லை. மழை வந்தால் அவர்களுக்கு வேறு வேலை இருக்கிறது.

1. பருவம் அறிந்து எழுதுங்கள்

வளிமண்டலவியல் திணைக்களம் ஆண்டை நான்காகப் பிரித்திருக்கிறது. மார்ச், ஏப்ரல் முதலாம் இடைப்பருவம். மே தொடக்கம் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று. ஒக்டோபர், நவம்பர் இரண்டாம் இடைப்பருவம். டிசம்பர் முதல் பெப்ரவரி வரை வடகீழ் பருவக்காற்று. பட்டியலைத் திருப்பித் திருப்பிப் பாருங்கள். வெயில்காலம் என்று ஒன்றைப் போட மறந்துவிட்டார்கள்.

மார்ச், ஏப்ரலில் காலை வெயில் மண்டையைப் பிளக்கும். பிற்பகல் பள்ளி விடும் நேரம் பார்த்து இடியோடு கொட்டும். பிறகு ஒன்றும் நடவாத மாதிரி வெளிக்கும். ஹைக்கூ எழுதுவோருக்கு உகந்த பருவம். தென்மேல் காற்று கடலிலிருந்து சரித்து அடிக்கும், குடை முதல் நாளே மறுபக்கம் மடங்கும். தொடர்கதை தொடங்கலாம். ஒக்டோபர், நவம்பரில் காவியமே பாடலாம், கரண்ட் இருந்தால்.

ஜனவரி, பெப்ரவரிதான் கொஞ்சம் காய்ந்த மாதங்கள். ஓவியர்கள் இதைக் கண்டுகொண்டார்கள். ஜோர்ஜ் கீற் மன்றம் 1993இல் தொடக்கிவைத்த 'கலா பொல' என்ற திறந்தவெளி ஓவியச் சந்தை, ஆண்டுத் தொடக்கத்திலேயே ஆனந்த குமாரசுவாமி மாவத்தை மரநிழலில் கூடிவிடுகிறது. நீர்வர்ண ஓவியத்தை ஒக்டோபரில் வெளியே மாட்டினால் அதில் மழையும் கையெழுத்துப் போடும் என்று அவர்களுக்குத் தெரியும். நாவலாசிரியர்கள் மட்டும் இன்னும் நவம்பரில் மண்டபம் பிடிக்கிறார்கள்.

வானிலை அறிக்கை கேளுங்கள், தவறில்லை. ஆனால் அதைவிட நம்பகமானவர் எதிர்வீட்டு ராத்தா. "புள்ள, மழ வாற மாதிரி ஈக்கி, உடுப்ப எடுங்க!" என்று அவர் பல்கனியிலிருந்து குரல் கொடுத்தால், வானத்தில் ஒரு முகில் இல்லாவிட்டாலும் எடுத்துவிடுங்கள். அந்தக் குரலுக்குத் தொடர்மாடியின் அத்தனை கொடிகளும் காலியாகும். கொழும்பில் ஒரு தமிழ் வாக்கியத்துக்கு இவ்வளவு விரைவாகப் பலன் கிடைத்ததை நான் வேறெங்கும் கண்டதில்லை.

2. தளம் பார்த்து வீடு எடுங்கள்

வெள்ளவத்தையில் கடலைப் பார்த்த மேல்மாடி கிடைத்தால் மழை கடல்மேல் நடந்து வருவதைக் காணலாம். வாடகையைக் கேட்டதும் அந்தப் படிமம் கலைந்துவிடும். கொட்டாஞ்சேனையில் கோயில் மணியும் தேவாலய மணியும் மழையினூடே கேட்கும், ஆனால் தரகர் இரண்டையும் வாடகையில் சேர்த்திருப்பார். கடைசியில் மாளிகாவத்தைக்குத்தான் வருவீர்கள். வாருங்கள். தொடர்மாடியில் மேல்தளத்துக்குக் கூரை ஒழுகும். கீழ்த்தளத்துக்குக் கான் பெருகும். நடுத்தளம் பாதுகாப்பானது என்று நினைப்பவர்களுக்கு மேல்வீட்டுக் குளியலறை இருக்கிறது.

முற்பணம் கொடுக்கும் முன் சுவரைப் பாருங்கள். தண்ணீர்க் கோடு எந்த உயரத்தில் நிற்கிறது? கோடு இல்லை, புதுப் பெயின்ற் இருக்கிறது என்றால், அந்தப் பெயின்ற் எந்த உயரம் வரை அடிக்கப்பட்டிருக்கிறது என்று பாருங்கள்.

இது யாருடைய குற்றமும் இல்லை. கொழும்பு சதுப்பின்மேல் எழுந்த நகரம். ஒல்லாந்தர் வாய்க்கால் வெட்டித் தண்ணீரை வடித்தார்கள். பின்னால் வந்தவர்கள் சதுப்பை நிரப்பி வீடு கட்டினார்கள். தண்ணீர் தன் பழைய விலாசத்தை மறக்கவில்லை. ஊர் மழைநீரில் ஒரு பங்கு களனி கங்கைக்குப் போக வேண்டும். மலைநாட்டு மழையில் கங்கை பெருகினால், அது ஊருக்குள் ஏறாதிருக்கக் கதவை அடைப்பார்கள். அடைத்தால் உள்ளே பெய்தது எளிதில் வெளியே போகாது. அந்நாட்களில் ஊரே கேட்கும் கேள்வி, "நாகலகம் வீதியில எத்தன அடி?" கங்கை மட்டத்தை அளக்கும் இடம் அதுதான். இலக்கியம் பேசத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, இந்த எண் தெரியாமல் தேநீர்க் கடையில் உட்காராதீர்கள்.

சரித்திரமும் கொஞ்சம் வைத்திருங்கள். 1992 ஜூன் 4ஆம் திகதி கொழும்பில் ஒரே நாளில் 493 மில்லிமீற்றர் பெய்தது. லண்டன் அதற்குப் பத்து மாதம் பாடுபட வேண்டும். ஜெஃப்ரி பாவா கோட்டேயில் ஏரி நடுவே வடிவமைத்த, 1982இல் திறக்கப்பட்ட நாடாளுமன்றத்துக்குள், 2010 நவம்பரில் வெள்ளம் புகுந்தது. மக்களுக்கு நேர்வது பிரதிநிதிகளுக்கும் நேர்ந்த அபூர்வமான நாள். 2018இல் கொழும்புக்கு 'ராம்சார் ஈரநில நகரம்' என்ற அங்கீகாரம் கிடைத்தது, உலகில் முதன்முதலாகப் பெற்ற 18 நகரங்களில் ஒன்றாக. எங்கள் கீழ்த்தளங்கள் அந்தச் சான்றிதழுக்கு எப்போதோ தகுதி பெற்றுவிட்டன.

3. ஆயத்தமாக வெளியே போங்கள்

குடை இரண்டு வேண்டும். ஒன்று பிடிப்பதற்கு, மற்றது தொலைப்பதற்கு. வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு நல்ல குடை கொண்டு போகாதீர்கள். வாசலில் கறுப்புக் குடைகள் எல்லாம் ஒன்றாகக் கிடக்கும். முதலில் எழுந்தவருக்கு நல்லது, துஆ முடியும்வரை இருந்தவருக்குக் கம்பி உடைந்தது. பொறுமைக்கான கூலி மறுமையில்.

சட்டைப்பையில் எப்போதும் ஒரு சிலிசிலி பை இருக்கட்டும். மழை பிடித்தால் அதற்குள் முதலில் அடையாள அட்டை, அடுத்தது போன், இடமிருந்தால் கவிதை. பொலித்தீனுக்கு எதிராக எழுதிப் பரிசு வாங்கியவர்களும் பரிசுச் சான்றிதழை இதில் சுற்றித்தான் வீட்டுக்குக் கொண்டு போனார்கள். முதல் துளி விழுந்ததும் முச்சக்கரவண்டிகளின் மீற்றர் பழுதாகும், மழை விட்டதும் சுகமாகும். இதற்கு விஞ்ஞான விளக்கம் தேட வேண்டாம்.

4. நூல் வெளியீட்டுக்குத் தவறாமல் போங்கள்

1942இல் தொடங்கிய கொழும்புத் தமிழ்ச் சங்கம் வெள்ளவத்தை 57ஆவது ஒழுங்கையில் இருக்கிறது. வார இறுதி மாலைகளில் அங்கே ஏதாவதொரு நூல் வெளிவந்தே தீரும். அழைப்பிதழில் நாலரை என்றிருந்தால் ஐந்தரைக்குப் போங்கள். அப்போதுதான் விளக்கேற்றத் தீப்பெட்டி தேடுவார்கள்.

தமிழ் வாழ்த்து, வரவேற்புரை, தலைமையுரை, வாழ்த்துரை, வெளியீட்டுரை, நயவுரை, ஆய்வுரை, ஏற்புரை, நன்றியுரை என்று மேடையில் ஒன்பது பேர் இருப்பார்கள். கீழே இருப்பவர்களில் பாதிப்பேர் அடுத்த மாதம் மேடையில் இருக்கப் போகிறவர்கள். வெயில் நாளென்றால் நயவுரை தொடங்கும்போதே வாசற்பக்கம் செருப்புச் சத்தம் கேட்கும். மழை நாளில் ஒருவரும் எழ முடியாது. தெருவில் போனவர்கூட ஒதுங்க வந்து உட்காருவார், பிளேன் டீயும் றோல்ஸும் வாங்கிக்கொள்வார், வெட்கத்துக்கு ஒரு பிரதியும் வாங்குவார். ஈழத்து இலக்கியத்தின் வாசகர் வட்டத்தை விரிவாக்கியதில் மழையின் பங்கை எந்த ஆய்வுரையும் இன்னும் குறிப்பிடவில்லை.

வர விருப்பமில்லாத கூட்டங்களுக்கு "மழை, அதான் வர முடியல்ல" என்று சொல்லுங்கள். எந்த மாதத்திலும் செல்லுபடியாகும். பாணந்துறையில் பெய்ததை வெள்ளவத்தையில் யார் போய்ப் பார்க்கப் போகிறார்கள்?

5. நிலவை எதிர்பாராதீர்கள்

வலம்புரி கவிதா வட்டம், சுருக்கமாக வகவம், போயா தினந்தோறும் கவியரங்கு நடத்தும் அமைப்பு. கொழும்பு 12இல், மாளிகாவத்தையிலிருந்து கூப்பிடு தூரத்தில், ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் கூடுவார்கள். முழுநிலா நாளில் கவிபாடுவது அழகான மரபு. ஒரே சங்கடம், எங்கள் பக்கத்தில் அந்த நிலா முகிலுக்குப் பின்னால்தான் உதிக்கும். கவிஞர்கள் தயங்குவதில்லை. கண்டால் வருணிக்கலாம், காணாவிட்டால் ஏக்கம் பாடலாம். ஏக்கத்துக்குக் கைதட்டல் கூட. போயாவன்று இறைச்சிக்கடை பூட்டு, ஆகவே கவியரங்கு முடிந்து பீஃப் கொத்து தின்னலாம் என்ற எண்ணத்தையும் நிலவோடு விட்டுவிடுங்கள்.

6. உண்மையான கலை நிகழ்ச்சிக்கு டிக்கெட் எடுங்கள்

மாளிகாவத்தையில் 35,000 பேர் அமரக்கூடிய அரங்கு ஒன்று இருக்கிறது. பெயர் ஆர். பிரேமதாச விளையாட்டரங்கு, ஊர்வழக்கில் கெத்தாராம. சதுப்பை நிரப்பிக் கட்டி 1986 பெப்ரவரி 2ஆம் திகதி திறந்தார்கள். கிரிக்கெட் அங்கே மழைக்கு முன்னாலும் பின்னாலும் நடக்கும் துணை நிகழ்ச்சி.

சந்தேகமா? 2002 செம்பியன்ஸ் கிண்ண இறுதிப் போட்டி. செப்டெம்பர் 29, இலங்கை 50 ஓவர் ஆடி 244. இந்தியா இரண்டு ஓவர் ஆடியதும் மழை. மறுநாள் முதலிலிருந்து தொடங்கினார்கள், விட்ட இடத்திலிருந்து அல்ல. இலங்கை மறுபடியும் 50 ஓவர், 222. இந்தியா ஒன்பது ஓவரை முடிக்கவில்லை, மழை முடித்தது. இரண்டு நாளில் 110 ஓவர் வீசியும் வென்றவர் இல்லை, கிண்ணம் இரண்டு நாட்டுக்கும் பொது. முடிவே இல்லாத நவீன நாடகம் எழுதுகிறவர்கள் இதை எழுத்தெண்ணிப் படிக்க வேண்டும்.

பார்க்க வேண்டியது மழை தொடங்கும் அந்த நிமிடங்களை. பிற நாடுகளில் ஆடுகளத்தையும் சுற்றுப்புறத்தையும் மூடிவிட்டுக் குடைக்குள் போவார்கள். இங்கே முழு மைதானத்தையும் மூட வேண்டும். மைதானப் பணியாளர் படை வெறுங்காலில் பாரமான படங்குகளை இழுத்துக்கொண்டு ஓடும். காற்று ஒரு முனையைத் தூக்கினால் நாலு பேர் அதன்மேல் விழுந்து படுப்பார்கள். ஒத்திகை இல்லை, வசனம் இல்லை, நயவுரை இல்லை. 2023 செப்டெம்பர் 17, ஆசியக் கிண்ண இறுதியில் இலங்கையை 50 ஓட்டங்களுக்குச் சுருட்டிய முகமது சிராஜ், ஆட்டநாயகன் பரிசுப் பணம் 5,000 டொலரையும் இவர்களுக்கே கொடுத்தார். கொழும்பு, கண்டி மைதானப் பணியாளர்களுக்கு ஆசிய கிரிக்கெட் சபை 50,000 டொலர் அறிவித்தது. இந்நகரில் மழையைக் கருப்பொருளாகக் கொண்ட கலைஞர்களில் சன்மானத்தை அன்றைக்கே கேள்விப்பட்டவர்கள் இவர்கள் மட்டும்தான்.

7. அக்கம்பக்கத்தைப் பார்த்துத் தொழில் பழகுங்கள்

மழைக் கவிதைக்கு மண்வாசனை கட்டாயம் என்று உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள். மாளிகாவத்தையில் மண் இல்லை. கொங்கிறீற்றில் மழை விழுந்தால் முதலில் எழுவது கானின் வாசனை. ஜன்னலோரம் ஒரு கோப்பைத் தேநீர் என்று எழுதுமுன் ஜன்னலோரம் வாளி வைத்தாயிற்றா என்று பாருங்கள். மழையை ரசித்து எழுதியவர்களின் விலாசங்களை விசாரித்தால் பெரும்பாலும் மூன்றாம் மாடிக்கு மேலே இருக்கும்.

கீழே இருப்பவர்களும் படைக்கிறார்கள், கூட்டம்தான் வைப்பதில்லை. வாசலில் நாலு விரல் உயரத்துக்குச் சீமெந்து வரம்பு கட்டி, தண்ணீரை மறித்து, வயதான உம்மாவின் கால் தடுக்காதபடி அதைச் சரித்துப் பூசியிருக்கிறார் ஒரு வாப்பா. எந்தக் கட்டடக்கலைஞரும் வந்து பார்க்கவில்லை. ஒழுகும் மேல்தளமொன்றில் பழைய தேர்தல் பதாகையைத் தகரத்துக்குக் கீழே விரித்திருக்கிறார்கள். ராத்திரி படுத்தால் வேட்பாளர் மேலிருந்து கைகூப்பிச் சிரிப்பார். எப்போதும் மக்களுடன் இருப்பேன் என்று சொன்னவர், இருக்கிறார். மழை தகரத்தில் அறையும்போது ஓடர் சொன்னது கேட்காதென்று, கொத்துக்காரர் தட்டும் தாளத்தை மாற்றியே உள்ளே இருப்பவருக்கு 'ஒன்று சிக்கன், இரண்டு முட்டை' என்று தெரிவிக்கிறார். இவர்களில் யாரையும் படைப்பாளி என்று அழைத்துவிடாதீர்கள். கோபித்துக்கொள்வார்கள். அவர்களுக்கு உழைப்பாளிகள் என்றுதான் பேர்.

8. வெள்ளம் வந்தால்

பதற்றம் வேண்டாம், வரிசை உண்டு. முதலில் மெயின் சுவிட்ச். அடுத்தது வயதானவர்களும் பிள்ளைகளும் மேல்மாடிக்கு, யார் வீடென்று பார்க்க வேண்டாம், கதவு திறந்துதான் இருக்கும். பிறகு குர்ஆன், பைபிள், சாமிப் படம், வீட்டுப் பத்திரம், பள்ளிக் கொப்பிகள். கேஸ் சிலிண்டரைக் கட்டிப் போடுங்கள், இல்லாவிட்டால் அது அடுத்த வீட்டுக்கு மிதந்து போகும்.

மிஞ்சுவது குளிர்சாதனப் பெட்டி. அதை உயர்த்தக் கல் தேடுவீர்கள், ஊரில் இருந்த கல்லையெல்லாம் முன்வீட்டுக்காரர்கள் எடுத்திருப்பார்கள். கவலைப்படாதீர்கள். கட்டிலுக்குக் கீழே உங்கள் கவிதைத் தொகுதி கட்டுக்கட்டாக இருக்கிறதே. வெளியீட்டன்று போனது போக மிச்சம் முந்நூறு பிரதி. நாலு மூலைக்கும் சரியாகப் பிரித்து அடுக்கினால் பெட்டி முழங்கால் உயரத்துக்கு வந்துவிடும். அடிவரிசைப் பிரதிகள் நனையும். அவற்றைக் காயவைத்து 'அன்புடன்' என்று கையொப்பமிட்டு நயவுரை ஆற்றியவர்களுக்குக் கொடுங்கள், அவர்கள் எப்படியும் திறந்து பார்ப்பதில்லை. ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். இரண்டாவது தொகுதியை அச்சுக்குக் கொடுக்கும்போது, காசு கூடினாலும் பரவாயில்லை, கெட்டி அட்டை கேளுங்கள்.