தூங்கா நகர உபசாரத்திற்கு ஒரு நன்றி மடல்

பெறுநர்: தென்னக இரயில்வே நிர்வாகம், மதுரைக் கோட்டம்
பொருள்: போடிநாயக்கனூர் மக்களுக்கு மலிவான இரயில் பயணம் அருளியமைக்கு நன்றி நவிலல்

பேரன்பும் பெருந்தன்மையும் ஒருங்கே வாய்ந்த நிர்வாகத்தின் மேலான கவனத்திற்கு,

2025 ஜூலை முதல் நாளில் விரைவு வண்டிகளின் குளிர்சாதனமில்லாப் பெட்டிகளுக்குக் கிலோமீட்டருக்கு 1 காசும், டிசம்பர் 26 அன்று மேலும் 2 காசும் ஏற்றப்பட்டபோது 'காசுக்கணக்குதானே' என்று பொறுத்துக்கொண்ட போடிப் பயணிகள், அவ்வாறு ஏறிய விலைக்கு வாங்கிய பயணச்சீட்டிலேயே தங்களைப் பற்றி எழுதப்பட்டிருப்பதைப் படித்துத்தான் கூனிக் குறுகினர். பயணத்திற்கு ஆகும் செலவில் சராசரியாக 57 விழுக்காட்டை மட்டுமே இரயில்வே திரும்பப் பெறுகிறது என்று 2016 முதல் சீட்டில் அச்சேறிவரும் அவ்வாசகத்தின் உட்பொருள், எஞ்சிய 43 விழுக்காட்டை ஊரார் தலையில் கட்டிவிட்டுப் பயணி சன்னலோரம் காற்று வாங்குகிறார் என்பதேயாகும். பந்தியில் அமர்த்தி, இலை போட்டு, சோற்றைப் பிசையும் நேரத்தில் அரிசி விலையைக் காதில் ஓதும் இவ்விருந்தோம்பலுக்குக் கைம்மாறாகவே இம்மடல் எழுதப்படுகிறது.

மதுரைக்கும் போடிக்கும் இடைப்பட்ட 90 கிலோமீட்டர் தொலைவை மிகக் குறைந்த செலவில் கடக்கும் வழி முன்பதிவில்லா வண்டியே என்பதிலும், பேருந்துக் கட்டணம் அதன் அருகில் நிற்கவும் தகுதியற்றது என்பதிலும் கருத்து வேறுபாடில்லை. 2023 ஜூன் 15 அன்று பாதை போடி வரை நீண்டபோது வகுக்கப்பட்ட நேர அட்டவணைப்படி, அவ்வண்டி காலை எட்டேகால் மணி அளவில் மதுரையில் கிளம்பிப் பத்தரை மணிக்குப் போடியை அடைகிறது. மாலை ஆறு மணிக்குச் சற்று முன் போடியில் கிளம்பி, இரவு எட்டு மணிக்குச் சற்று முன் மதுரையை அடைகிறது. மேலோட்டமாகப் பார்ப்போர் இதனைத் தலைகீழான அட்டவணை என்று தூற்றுவர். உண்மையில் இது, மதுரையைத் தூங்கா நகரம் என்று கேள்விப்பட்டதோடு நின்றுவிட்ட மலையடிவார மக்கள் அதன் மெய்ம்மையை விடிய விடிய விழித்திருந்து சோதித்தறிய நிர்வாகம் வகுத்த கல்வித் திட்டமாகும்.

மதுரை அரசு இராசாசி மருத்துவமனையின் புறநோயாளர் பிரிவு காலையில் இயங்குவது. போடியின் நோயாளியோ முந்தைய இரவே சென்று, தூங்கா நகரத்தில் தூங்காமல் இருந்து, வைத்தியம் பார்த்து, அன்றைய காலை வண்டியைத் தவறவிட்டு, மறுநாள் காலை வரை மீண்டும் தூங்காமல் இருக்கும் பேறு பெறுகிறார். 2004 முதல் மதுரையில் இயங்கும் உயர்நீதிமன்றக் கிளைக்குச் செல்லும் வழக்காடிக்கும் இதே உபசாரம் உண்டு. வழக்கு ஒத்திவைக்கப்பட்டால் உபசாரம் இரட்டிப்பாகும். சீசன் சீட்டு எனப்படும் மாதச்சீட்டு, அதாவது 150 கிலோமீட்டருக்கு உட்பட்ட தொலைவுக்கு ஏறத்தாழ பதினைந்து ஒற்றைப் பயணங்களின் கட்டணத்தில் மாதம் முழுவதும் சென்றுவர உதவும் சீட்டு, இந்திய இரயில்வேயின் ஆகமலிவான கொடை என்பதில் ஐயமில்லை. போடியிலிருந்து அதனைப் பயன்படுத்தத் தகுதி படைத்தவர், மதுரையில் இரவுக் காவல் பார்த்துவிட்டுக் காலையில் வீடு திரும்பும் காவலாளி ஒருவரே. அவரும் தூங்காதவர் என்பதால் திட்டம் முழுமை பெறுகிறது. சீட்டில் 57 விழுக்காட்டுக் கணக்கை அச்சிடும் நிர்வாகம், அதனருகிலேயே மதுரையில் இரவைக் கழிக்கும் செலவில் 100 விழுக்காட்டையும் பயணியே ஏற்கிறார் என்ற வரியையும் சேர்த்தால் கணக்கு நேராகும்.

சென்னைக்கு மலிவாகச் செல்லும் வழியோ தனி ஆய்வுக்குரியது. வாரம் மும்முறை இயங்கும் அதிவிரைவு வண்டி, திருச்சி, விழுப்புரம் என்ற நேர்வழியை விடுத்து, திண்டுக்கல், கரூர், நாமக்கல், சேலம், காட்பாடி என்று சுற்றுலா நடத்திச் சென்னை சென்ட்ரலைச் சேர்கிறது. கட்டணம் கிலோமீட்டர்க் கணக்கில் விதிக்கப்படுவதால், கூடுதலாகச் சுற்றும் ஐம்பதுக்கும் மேற்பட்ட கிலோமீட்டர்களுக்கும் பயணியே பணம் செலுத்துகிறார். சராசரியாக மணிக்கு 55 கிலோமீட்டர் வேகம் காட்டும் வண்டிக்கு 'அதிவிரைவு' என்ற பட்டம் உரியதென்பதால், படுக்கை வகுப்பில் 30 ரூபாய் மிகைக்கட்டணமும் உண்டு. வேகமாகச் சுற்றியமைக்கான கூலி அது.

எனவே விவரமறிந்த போடிவாசி கண்டடைந்த வழி வேறு. தொலைவு கூடக்கூடக் கிலோமீட்டருக்கான வீதம் குறைந்துகொண்டே வரும் முறை இரயில்வேயில் உள்ளதால், மதுரை வரை ஒன்றும் அங்கிருந்து மற்றொன்றுமாகச் சீட்டு வாங்குவதைவிட, போடியிலிருந்து சென்னைக்கு விழுப்புரம் வழியாக ஒரே முன்பதிவில்லாச் சீட்டு வாங்குவது இலாபமாகும். மாலை வண்டியில் மதுரை சென்று, இரவு ஒன்பது மணிக்குமேல் கிளம்பும் பாண்டியன் விரைவு வண்டியின் பொதுப்பெட்டியில் ஏறிவிட்டால், நேர்வழியும் கிட்டும், செலவும் குறையும். மாலை அட்டவணையின் இந்த நன்மையை மறுப்பது நன்றி கொன்ற செயலாகும். பொதுப்பெட்டியில் ஒற்றைக் காலில் நின்று செல்வோர், மதுரையைக் கடந்த பின்னரும் தூங்கா நகரத்தின் மாண்பைத் தாம்பரம் வரை கட்டிக்காக்கின்றனர்.

படுக்கை வேண்டுவோருக்குத் தட்கல் உண்டு. பயணத்திற்கு முந்தைய நாளில், அடிப்படைக் கட்டணத்தின் 30 விழுக்காட்டை (குறைந்தது 100 ரூபாய், கூடியது 200 ரூபாய்) மேலதிகமாகச் செலுத்திப் பெறும் அவசரச் சீட்டு அது. படுக்கை வகுப்புக்கு அது காலை 11 மணிக்குத் திறக்கிறது. 2025 ஜூலை 15 முதல் ஆதாருடன் இணைந்த கைப்பேசிக்கு வரும் ஒருமுறைக் கடவுச்சொல்லும் தேவை. காலை 11 மணிக்கு, விடியுமுன் ஜீப்பில் நெருக்கியடித்துப் பதினேழு கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து போடிமெட்டுக்கு அப்பால் சென்ற ஏலத்தோட்டத் தொழிலாளி, செடியின் தூரிலிருந்து தரையோடு தரையாகக் கிளைக்கும் சரத்தின் முன் குந்தி, முற்றிய காயை இளங்காயிலிருந்து விரல்நுனியால் பிரித்தெடுத்துக்கொண்டிருப்பார். கடவுச்சொல் மலையேறி வந்து சேர்வதற்குள் தட்கல் தீர்ந்திருக்கும். காத்திருப்போர் பட்டியலே கதி.

அப்பட்டியலில் இருந்தும் இடம் கிடைக்காமல் சீட்டு தானே இரத்தானாலும் ஆளுக்கு 60 ரூபாய் பிடித்துக்கொள்ளப்படுகிறது. இடம் தரவில்லை, ஏற்றிச் செல்லவில்லை, ஒரு கிலோமீட்டர்கூட நகர்த்தவில்லை. பிறகு எதற்கு அந்த அறுபது ரூபாய்? 58 வயது கடந்த பெண்களுக்குப் பாதியும், 60 கடந்த ஆண்களுக்கு 40 விழுக்காடும் குறைத்துவந்த முதியோர் சலுகை 2020 மார்ச்சில் கொரோனாவைக் காட்டி நிறுத்தப்பட்டது. கொரோனா போய்விட்டது, சலுகை வரவில்லை. ஆயுள் முழுவதும் மலையேறிக் காய் பறித்து முதுகு வளைந்த கிழவியிடம் அந்தப் பாதியைப் பறித்துக்கொண்டு, அவளுடைய சீட்டிலேயே அவள் நாட்டுக்குப் பாரம் என்று அச்சிடுவது வெட்கக்கேடு.

வரம்பு மீறிய சொற்களை நிர்வாகம் பெரிய மனத்தோடு பொறுத்தருள்க. போடி மக்கள் நன்றி மறவாதவர்கள். 1928-இல் வந்த இருப்புப்பாதையை, இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் தண்டவாளத்தோடு பெயர்த்துச் சென்றபோதும் கோபிக்காமல், 1950-களில் அது திரும்பி வரும் வரை காத்திருந்தவர்கள். அகலப்பாதைப் பணிக்காக 2011 புத்தாண்டோடு வண்டி நின்றபோதும், மேலே மலையில் குறிஞ்சி பூத்து உதிர்ந்து அடங்கும் வரை பன்னிரண்டு ஆண்டுகளுக்கும் மேல் பொறுமை காத்தவர்கள். அவ்வாறு வந்த ஒற்றை முன்பதிவில்லா வண்டிக்கும் 'சிறப்பு வண்டி' என்று பெயரிட்டு, 10 ரூபாய்க் குறைந்தபட்சக் கட்டணத்திற்குப் பதிலாக 2024 பிப்ரவரி வரை 30 ரூபாய் பெற்றபோது, அச்சிறப்பு யாதென்று ஒருவரும் கேட்டாரில்லை.

இறுதியாக ஒரு சிறு விண்ணப்பம். காலை பத்தரைக்குப் போடி வந்து சேரும் பெட்டிகள், மாலை வரை ஏழு மணி நேரத்திற்கும் மேலாக அந்நிலையத்தைச் சார்ந்தே நிற்கின்றன. மதுரை சென்று திரும்ப நான்கு மணி நேரத்திற்குச் சற்றுக் கூடுதலாகவே ஆகுமாதலால், புதிய பெட்டி ஒன்றுகூட வாங்காமல் அதே பெட்டிகளைக் கொண்டே பகலில் ஒருமுறை சென்றுவரலாம்; அல்லது இரவில் அவற்றைப் போடியிலேயே நிறுத்திக் காலையில் மதுரைக்கு அனுப்பி, மாலையில் திருப்பி அழைக்கலாம். எனினும் அப்பெட்டிகள் தூங்கா நகரத்திலிருந்து வந்தவை என்பதால், பகலில் அவற்றை எழுப்ப நிர்வாகத்திற்கு மனம் வராதிருப்பதும் புரிந்துகொள்ளத் தக்கதே.

இங்ஙனம்,
விழித்திருக்கும் பணிவன்புடன்,
போடிநாயக்கனூர் முன்பதிவில்லாப் பயணிகள்